'லதெரா'வுக்குத் தமிழில் என்ன சொல்?

மடல் 1

அனைவருக்கும் வணக்கம்.

கிரேக்க, துருக்கிய வீடுகளில் பருவத்துக்குப் பருவம் சமைப்பவற்றைத் தமிழில் தொகுக்கும் வேலை நடக்கிறது. ஒரு சொல்லில் வண்டி நின்றுவிட்டது. 'லதெரா' என்று கிரேக்கர் ஒரு சமையல் வகையையே சொல்கிறார்கள். 'லாதி' என்றால் எண்ணெய். துருக்கியில் அதே வகைக்கு 'ஸெய்தின்யாலி', லெபனானில் 'பி ஸெய்த்'. மூன்று மொழியிலும் காய்க்குப் பெயரில் இடமில்லை, எண்ணெய்க்குத்தான் இடம்.

செய்முறை எளிது. இறைச்சி கிடையாது. காய்கறியைத் தாராளமான ஒலிவ எண்ணெய், வெங்காயம், கொஞ்சம் தண்ணீர் சேர்த்து மூடி, சிறு தீயில் முக்கால் மணி நேரம் வேகவைப்பார்கள். அடுப்பை அணைத்துப் பாத்திரத்திலேயே ஆறவிட்டு, வெதுவெதுப்பாகவோ முழுக்க ஆறியபின்னோ ரொட்டியோடு சாப்பிடுவார்கள். கோடையில் பீன்ஸ், தக்காளி, கத்தரிக்காய், வெண்டைக்காய். குளிர்காலத்தில் லீக்ஸ் (தடித்த வெங்காயத்தாள் போன்றது), முட்டைக்கோஸ், பசலை. இவற்றில் ஒரு கைப்பிடி அரிசியும் சேரும். வசந்தத்தில் பச்சைப் பட்டாணியும் ஆர்ட்டிசோக் என்ற பூமொட்டும்.

எனக்குத் தோன்றியவை மூன்று: எண்ணெய்க்கறி, எண்ணெய் வதக்கல், எண்ணெய்க் குழம்பு. மூன்றுமே நெருடுகின்றன. 'ஒலிவ' என்பதையும் சேர்க்க வேண்டுமா என்பது இரண்டாவது கேள்வி.

மடல் 2

மூன்றும் வேண்டாம் ஐயா.

வதக்கல் என்றால் திறந்த சட்டி, கிளறும் கை, சில நிமிட வேலை. இங்கே சட்டி மூடியிருக்கிறது, கரண்டி உள்ளேயே போகக்கூடாது. குழம்பு என்றதும் புளியும் சோறும் நினைவுக்கு வரும். கறியோ ஊருக்கு ஒரு பொருள்: சென்னையில் ஆட்டிறைச்சி, சில வீடுகளில் வாழைக்காய்க் கறி, இலங்கையில் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் எல்லாமே கறி. இறைச்சியே இல்லாத ஒரு வகைக்கு அந்தச் சொல்லை வைப்பது வம்பை விலைக்கு வாங்குவது.

'ஒலிவ' தேவையில்லை. லாதி என்ற சொல்லின் மூலமே ஒலிவ மரத்துக்கான பழைய கிரேக்கச் சொல்தான். எள்+நெய் எண்ணெய் ஆகி, பிறகு தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய் வரைக்கும் பரவவில்லையா? அவர்களும் அதே வழியில் போனவர்கள். எண்ணெய் என்றால் எது என்று அந்த வீட்டுக்குத் தெரியும். எந்த எண்ணெய் என்பதைப் பொருள்பட்டியலில் எழுதுங்கள், பெயரில் ஏற்றாதீர்கள்.

துருக்கிய 'ஸெய்தின்', நம் இஸ்லாமியர் வீடுகளில் சொல்லும் 'ஜைத்தூன்' எண்ணெயில் உள்ள அதே சொல்தான். 'ஒலிவ' விவிலியம் வழியாக நிலைத்தது. இரண்டும் இருக்கட்டும், அந்தச் சண்டையை இங்கே இழுக்க வேண்டாம்.

மடல் 3

சொல்லைத் தேடுமுன் சட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். பாதிக் குழப்பம் அதில்தான் இருக்கிறது.

ஒரு கிலோ காய்க்கு 120 முதல் 150 மில்லி எண்ணெய் ஊற்றுவதால் 'எண்ணெயில் பொரிப்பது' என்று பலர் எழுதிவிடுகிறார்கள். பொரிப்பதே இல்லை. சட்டியில் தண்ணீர் இருக்கும்வரை வெப்பம் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். பொரிக்க 170, 180 வேண்டும். ஆகவே இது வேகவைத்தல்தான். எண்ணெய் உடனிருக்கிறது, அவ்வளவே. பிரெஞ்சுக்காரர்களின் 'கொன்ஃபி' வேறு: அதில் பொருள் கொழுப்பில் முழுக்க மூழ்கிக் கிடக்கும், தண்ணீர் சேர்ப்பதில்லை. 'எண்ணெயில் மூழ்க' என்று எங்காவது மொழிபெயர்த்திருந்தால் இப்போதே அடித்துவிடுங்கள்.

குளிர்கால லீக்ஸை வைத்துச் சொல்கிறேன். லீக்ஸ் 1 கிலோ (பச்சை நுனி போக 700 கிராம் தேறும்), கேரட் 2, வெங்காயம் 1, ஒலிவ எண்ணெய் 100 மில்லி, அரிசி 2 மேசைக்கரண்டி, உப்பும் சர்க்கரையும் ஒவ்வொரு தேக்கரண்டி, வெந்நீர் 200 மில்லி, அரை எலுமிச்சம்பழம்.

லீக்ஸை 3 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டுமுன் நீளவாக்கில் பாதிவரை கீறி, மடல்களை விரித்துக் குழாயடியில் கழுவ வேண்டும். மண் மடலுக்குள்தான் ஒளிந்திருக்கும். வெட்டியபின் கழுவினால் துண்டுகள் கழன்றுபோகும். எண்ணெயில் வெங்காயமும் கேரட்டும் 10 நிமிடம், நிறம் மாறாமல். பிறகு லீக்ஸ், உப்பு, சர்க்கரை. மூடி இன்னொரு 10 நிமிடம். இதற்குள் லீக்ஸ் தன் சாற்றை விட்டிருக்கும். அரிசியைத் தூவி, வெந்நீரை ஓரமாக ஊற்றி, பேக்கிங் தாளை வட்டமாக வெட்டிக் காயின் மேலேயே படியவைத்து, அதன்மேல் மூடி. சிறு தீயில் 30 நிமிடம். கிளறக்கூடாது, வேண்டுமானால் சட்டியைக் காதைப் பிடித்து ஒரு குலுக்கு. அணைத்தபின் எலுமிச்சைச் சாறு. ஆறும்வரை மூடி திறக்காது.

எலுமிச்சையை முன்பே பிழிந்தால் பச்சை நிறம் செத்துக் காக்கியாகிவிடும். காயும் எளிதில் குழையாது, அமிலம் அதை இறுக்கிவைக்கும். தண்ணீர் கூடினால் எண்ணெய் தனியாக மேலே மிதக்கும், கீழே அவித்த காய். மிக அதிகம் நடக்கும் பிழை இதுதான். அரிசி பச்சரிசியாக இருக்கட்டும். புழுங்கலரிசி அந்த அரை மணியில் நடுவே நறுக்கென்று நின்றுவிடும்.

மடல் 4

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். லீக்ஸ் எங்களுக்குப் புதிதல்ல, நுவரெலியாவில் விளைவது, சந்தையில் எப்போதும் கிடைக்கும். தொகுப்பில் பீன்ஸ் என்று வரும் இடத்தில் 'போஞ்சி' என்றும் ஒரு முறை குறித்துவிடுங்கள். நாங்கள் அதைத்தான் தேடுவோம்.

கறி என்ற சொல் எங்களுக்குப் பொருந்தினாலும் விட்டுக்கொடுக்கலாம். எனக்குத் தோன்றுவது 'புழுக்கு'. புழுங்கல் அரிசி எல்லோருக்கும் தெரியும். மலையாளத்தில் திருவாதிரைப் புழுக்கு இன்றும் சமையல்தான். பொருநராற்றுப்படையில் ஆட்டிறைச்சிப் புழுக்கு வருகிறது. மூடிய இடத்தில் தன் ஈரத்திலேயே வெந்து கிடப்பதைத்தானே 'புழுங்குகிறது' என்கிறோம்? மடல் 3இல் சொன்ன சட்டிக்குள் நடப்பது அதுவேதான். எண்ணெய்ப்புழுக்கு. எப்படி?

மடல் 5

ஒலி காதுக்கு ஒவ்வவில்லை. புழுக்கம், புழு, மனப்புழுக்கம் என்று எல்லாம் வந்து நிற்கிறது. சாப்பாட்டுக்கு இப்படி ஒரு பெயரா? 'எண்ணெய் வேவல்', 'எண்ணெய் அவியல்' போல ஏதாவது பார்க்கலாமே.

மடல் 6

புழுங்கலரிசிச் சோற்றை உண்ணும்போது யாருக்கும் புழு நினைவு வருவதில்லையே!

அவியல் ஏற்கெனவே தேங்காயும் தயிருமாக ஓர் உருவத்தோடு உட்கார்ந்திருக்கிறது. அதை எழுப்ப முடியாது. தவிர, அவித்தல் இட்லிக்கும் முட்டைக்கும் கிழங்குக்கும் போய்விட்டது. ஆவியிலோ நிறைந்த நீரிலோ வேகும் பொருள்தான் அதில் தெரிகிறது. வறு, பொரி, வதக்கு, அவி, சுடு, தாளி என்று நம்மிடம் அடுப்புவினைகளுக்குப் பஞ்சமில்லை. 'குறைந்த நீரில் மூடிவைத்து மெல்ல வேகவை' என்பதற்கு மட்டும் தனி வினை வழக்கில் இல்லாமல், நான்கு சொல்லில் சுற்றிச் சொல்கிறோம். புழுக்கு அந்த இடத்தை நிரப்புமானால் லதெராவுக்கு மட்டுமில்லாமல் வேறு பல சமையலுக்கும் உதவும். 'காயைப் புழுக்கவும்' என்று குறிப்பில் ஏவலாகவும் எழுதலாம். எண்ணெய்க்கறி என்ற பெயரிலிருந்து எந்த வினையையும் எடுக்க முடியாது. என் வாக்கு புழுக்குக்கு.

மடல் 1 எழுதியவர்

புழுக்கு எனக்கும் பிடித்துவிட்டது. இன்னொரு சிக்கல் இருக்கிறது, அது பெயரைவிடப் பெரியது.

சமையல் முடிந்ததற்கான அடையாளமாகக் கிரேக்கர் சொல்வது, 'தன் எண்ணெயோடு நிற்கும்வரை' என்று. இதை 'எண்ணெய் பிரிந்து வரும்வரை' என்று மொழிபெயர்த்திருக்கிறேன். நம் சமையலில் பழகிய தொடர், படிப்பவருக்கு உடனே புரியும். சரிதானே?

மடல் 3 எழுதியவர்

சரியில்லை. இந்த ஒரு தொடரால் சமையலே கெடும்.

தக்காளித் தொக்கில் எண்ணெய் பிரிகிறது என்றால் தண்ணீர் முழுக்க வற்றிவிட்டது என்று பொருள். விழுது ஒரு பக்கம், எண்ணெய் ஒரு பக்கம். தொக்கு கெடாமல் நாள்பட இருக்க அதுதான் தேவை. லதெராவில் தண்ணீர் முழுக்கப் போகக்கூடாது. காயின் சாறும் எண்ணெயும் சேர்ந்து ஒரு கெட்டியான குழைவாக நிற்க வேண்டும். உருளைக்கிழங்கின் மாவுச்சத்து, அரிசியின் கஞ்சி, காயிலிருந்து வரும் பெக்டின் என்ற பசைப்பொருள் ஆகியவைதான் இரண்டையும் பிடித்துவைக்கின்றன. அதற்காகத்தான் பீன்ஸ் சட்டியில் இரண்டு உருளைக்கிழங்கு. லீக்ஸில் அந்த 2 கரண்டி அரிசி.

கண்ணால் பார்க்கும் அடையாளம் இது. 1 கிலோ பீன்ஸ், 400 கிராம் துருவிய தக்காளி, 150 மில்லி எண்ணெய் வைத்த சட்டி என்று கொள்ளுங்கள். 45ஆம் நிமிடம் மூடியைத் திறந்து சட்டியைச் சாய்த்துப் பிடித்தால் ஓரத்தில் ஒரு குட்டை தேங்கும். அது மெல்லிய சிவப்புத் தண்ணீராக ஓடினால் இன்னும் வேண்டும். மூடியைத் திறந்தபடி 5 நிமிடம். மெதுவாக, பளபளப்பாக நகர்ந்து, விளிம்பில் மட்டும் ஆரஞ்சு நிற எண்ணெய் முத்துகள் நின்றால் அணைத்துவிடலாம். குட்டை முழுக்கத் தெளிந்த எண்ணெயாகவே இருந்தால் எல்லை தாண்டிவிட்டது. அடியில் உருளைக்கிழங்கு பிடிக்கத் தொடங்கியிருக்கும். அப்போது 3, 4 மேசைக்கரண்டி வெந்நீர் விட்டுச் சட்டியைக் குலுக்கினால் பெரும்பாலும் திரும்பி வரும். தீய்ந்த வாடை வந்துவிட்டால் குலுக்காதீர்கள், மேலாக எடுத்து வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள்.

'எண்ணெய் பிரியும்வரை' என்று படித்த தமிழ்ச் சமையல்காரர் அந்த மூன்றாவது நிலை வரும்வரை கட்டாயம் காத்திருப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது, நம் சொல்தான் அவரைத் தவறான இடத்தில் நிறுத்துகிறது.

மடல் 2 எழுதியவர்

அப்படியானால் பதம் என்ற சொல் கைவசம் இருக்கிறதே. பாகுக்குக் கம்பிப்பதம், உருட்டுப்பதம் என்கிறோம். இதற்குக் 'கூடுபதம்', தொக்குக்குப் 'பிரிபதம்'. சாறும் எண்ணெயும் கூடி நிற்பது ஒன்று, பிரிந்து நிற்பது மற்றொன்று. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் விளக்கமே வேண்டாம்.

மடல் 4 எழுதியவர்

கூடுபதம் நன்று. 'கூடு' பறவைக் கூடாகத் தெரியுமோ என்று ஒரு கணம் தயங்கினேன். பதத்தோடு சேர்ந்தால் தெரியாது.

ஒரு கேள்வி. 150 மில்லி எண்ணெய் என்று அச்சில் பார்த்தாலே நம்மவர்கள் பாதியாக்கிவிடுவார்கள். அதற்கு என்ன எழுதுவது? நல்லெண்ணெய் ஊற்றலாமா என்றும் கேட்பார்கள்.

மடல் 3 எழுதியவர்

150 மில்லி நான்கு பேருக்கு. தலைக்கு இரண்டரை மேசைக்கரண்டி. அது தொட்டுக்கொள்ளும் பண்டம் அன்று, அன்றைய முழுச் சாப்பாடு. கூட ரொட்டியும் ஒரு துண்டு ஃபெட்டா பாலாடைக்கட்டியும் மட்டும். சோற்றுக்குப் பக்கத்தில் வைப்பதானால் அளவையே பாதியாகச் சமையுங்கள், எண்ணெயை மட்டும் பாதியாக்காதீர்கள். 60 மில்லியில் கூடுபதம் வராது, தக்காளித் தண்ணீரில் வெந்த பீன்ஸ்தான் வரும்.

நல்லெண்ணெய் மணம் காயை அமுக்கிவிடும். கடலை எண்ணெயில் குழைவு சரியாக வரும், ருசி வேறாக இருக்கும். அதையும் எண்ணெய்ப்புழுக்கு என்று சொல்லலாம், லதெரா என்று சொல்ல முடியாது. நம் சொல் மூலச்சொல்லைவிடக் கொஞ்சம் அகலம், அதில் தவறில்லை.

ஃபிரிட்ஜில் வைத்தால் ஒலிவ எண்ணெய் வெள்ளையாக உறைந்து திரிதிரியாகத் தெரியும். கெட்டுவிட்டது என்று யாராவது கொட்டிவிடப் போகிறார்கள்! உண்ணுமுன் ஒரு மணி நேரம் வெளியே வைக்கச் சொல்லி எழுதுங்கள். சுடவைக்கத் தேவையில்லை. கொதிக்கக் கொதிக்க உண்டால் நாக்கில் எண்ணெய்தான் முன்னே நிற்கும். ஆறியபின்தான் காயின் இனிப்பும் எலுமிச்சையும் தெரியும்.

மடல் 5 எழுதியவர்

ஒலி பற்றிய என் குறையைப் பின்வாங்குகிறேன். ஆனால் எல்லை எங்கே? கிரேக்கர் தக்காளிக்குள் அரிசி அடைத்து அவனில் (சூட்டடுப்பில்) வைக்கும் 'யெமிஸ்தா'வையும், உருளைக்கிழங்கு, கத்தரிக்காய், சுரைக்காய் போன்ற சுக்கினி ஆகியவற்றைத் தட்டில் பரப்பி அவனில் வைக்கும் 'பிரியாம்' வகையையும் லதெராவில்தான் சேர்க்கிறார்கள். அவனில் திறந்து வைப்பது புழுங்குதல் ஆகுமா? வெள்ளைப் பீன்ஸ் சூப்பான 'ஃபசோலாதா'விலும் எண்ணெய் தாராளம். அதுவும் புழுக்கா?

மடல் 2 எழுதியவர்

நல்ல கேள்வி, முழு விடை இல்லை. கிரேக்கச் சொல் எண்ணெயை வைத்து வகுக்கிறது, நம் சொல் வேகும் முறையையும் சேர்த்து வகுக்கிறது. 'பிரியாம்' வகையை முதல் 40 நிமிடம் மூடிவைத்து, பிறகு மூடியை எடுத்துச் சிவக்கவிடும் வீடுகளும் உண்டு; அதைப் புழுக்கில் சேர்க்கலாம். முழுக்கத் திறந்தே வைத்தால் அது சுடுதல்தான். 'அவனில் சுட்ட காய், எண்ணெய்ப்புழுக்கு வகை' என்று எழுதிவிட்டு நகரலாம். ஃபசோலாதாவைச் சாறு என்றே வைத்துக்கொள்வோம். தவக்காலத்தின் கடும் நாட்களில் எண்ணெயும் விலக்கு என்பதால், எண்ணெய் சேர்ந்தது, சேராதது என்ற பிரிவு அவர்களுக்குச் சமையலறைக்கு அப்பாலும் முக்கியம். அந்தப் பாரத்தை நம் சொல்லால் சுமக்க முடியாது. அடிக்குறிப்பில் ஒரு வரி போதும்.

ஃபசோலாதாவில் தக்காளி எப்போது சேர வேண்டும் என்று தொகுப்பில் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். பீன்ஸை இரவு முழுதும் ஊறவைத்து, விரலில் நசுங்கும்வரை வேகவைத்தபின்தான் தக்காளி. முன்பே போட்டால் 2 மணி நேரம் கொதித்தாலும் தோல் விறைத்தே இருக்கும்.

மடல் 1 எழுதியவர்

பார்த்தேன், தக்காளி முதலிலேயே சேரும்படி இருந்தது. திருத்திவிட்டேன்.

சொற்பட்டியலுக்கு இப்படி எழுதியிருக்கிறேன்:

*எண்ணெய்ப்புழுக்கு* (பெயர்): காய்கறியை மிகுதியான எண்ணெயும் குறைந்த நீரும் சேர்த்து மூடி, கிளறாமல் சிறு தீயில் கூடுபதம் வரும்வரை வேகவைத்து, ஆறவிட்டு உண்ணும் சமையல் வகை. கிரேக்கம்: லதெரா. வினை: எண்ணெயில் புழுக்கு.

*கூடுபதம்* (பெயர்): காயின் சாறும் எண்ணெயும் ஒன்றாகக் குழைந்து, சட்டியைச் சாய்த்தால் மெதுவாக நகரும் நிலை. ஒப்பிடுக: பிரிபதம்.

மடல் 6 எழுதியவர்

வினையில் 'எண்ணெயில் புழுக்கு' என்று இருப்பது பழைய தொல்லையைத் திரும்பக் கொண்டுவருகிறது. படிப்பவர் எண்ணெயில் மூழ்கடித்துவிடுவார். 'எண்ணெயோடு புழுக்கு' என்று மாற்றுங்கள்.