ட்ரை கவுண்டியில் மதுக்கடைக்காகக் கையெழுத்து கேட்டவர்கள், கேட்கப்பட்டவர்கள்: உங்கள் அனுபவம்?

ஓசார்க்வாசி:
2012 கோடை, ஆர்கன்சா மாநிலம், பென்டன் கவுண்டி. வால்மார்ட் தலைமையகத்தின் புண்ணியத்தில் நம்மவர்கள் நிறைய இருக்கிற இடம், அதனால் ட்ரை கவுண்டி, அதாவது மது விற்கத் தடை உள்ள கவுண்டி (நம் ஜில்லா மாதிரி), பற்றி நிறைய விளக்கப் போவதில்லை. 1940களிலிருந்து கடையில் ஒரு பீர் பாட்டில்கூட விற்கக் கூடாது, வேண்டுமென்றால் 71ஆம் நம்பர் ரோட்டில் வடக்கே போய் மிசௌரி எல்லையைத் தாண்ட வேண்டும். அப்போதுதான் சிடிசன் ஆகியிருந்தேன். வாக்கெடுப்பு வைக்கச் சொல்லும் பெட்டிஷனுக்குக் கையெழுத்து வாங்க, பென்டன்வில் சதுக்கத்தில் சனிக்கிழமைச் சந்தையில் நின்றேன்.

ஒரு வயதான அம்மா வந்தார். படிவத்தை வரி விடாமல் படித்துவிட்டுப் பெயர், பிறந்த தேதி, விலாசம் எல்லாம் அழகான கையெழுத்தில் எழுதினார். கையெழுத்துப் போடும் கட்டத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தி, “இதை யார் வேண்டுமானாலும் வாங்கிப் பார்க்கலாமா?” என்று கேட்டார். பொது ஆவணம்தான், பார்க்கலாம் என்றேன். அவ்வளவுதான், எழுதியதையெல்லாம் ஒரு எழுத்தும் தெரியாதபடி அடித்தார், அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்துவிட்டது. “மாதா மாதம் நானும் என் வீட்டுக்காரரும் எல்லைக்குப் போய் வைன் வாங்குகிறோம், ஆனால் சர்ச்சில் என் பெயரைப் பார்த்தால்...” என்று சொல்லிவிட்டு, தக்காளிப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மதுக்கடை வேண்டாம் என்று சொன்னவர்கள் யாரும் நினைவில் இல்லை. வேண்டும் என்று நினைத்தும் பெயரை அடித்த அந்த அம்மா மட்டும் போகவே மாட்டேன் என்கிறார்.

விசாக்காரன்:
அதே வருடம், அதே ஊர். என் அபார்ட்மென்ட் கதவைத் தட்டிய பையன் நன்றாகப் பேசினான், நானும் சரி என்று பேனாவை வாங்கிவிட்டேன். “நீங்கள் இங்கே ரெஜிஸ்டர்டு வோட்டர்தானே?” என்றான். இல்லை, எச்1பி வேலை விசா என்றேன். பேனாவை என் விரலிலிருந்து மெதுவாக உருவிக்கொண்டான், மரியாதையாகத்தான். வரி கட்டுகிறேன், பிள்ளை அங்கேதான் படிக்கிறாள், ஆனால் ஊரில் ஒரு கடை வரலாமா என்று சொல்ல எனக்கு இடமில்லை. அந்தப் பேனா போன விதம் இன்னும் உறுத்துகிறது.

லப்பக்_பழசு:
டெக்சஸ் டெக் யுனிவர்சிட்டியில் படித்தவர்களுக்குத் தெரியும், லப்பக்கில் ரெஸ்டாரன்டில் உட்கார்ந்து குடிக்க 1972லேயே அனுமதி வந்துவிட்டது, பாட்டில் வாங்க மட்டும் ஊருக்கு வெளியே டஹோகா ரோட்டில் மதுக்கடைகள் வரிசையாக இருந்த “ஸ்ட்ரிப்”புக்குப் போக வேண்டும். 2009 மே மாதம் வாக்கெடுப்பு. எனக்கு ஓட்டு இல்லை, என் ரூம்மேட் அந்த ஊர்ப் பையன், அவனோடு வீடு வீடாகப் போனேன். ஒரு வீட்டில் கதவைத் திறந்தவர் பாஸ்டர். கோபப்படவில்லை, எங்கள் இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டு வாசலிலேயே ஜெபம் பண்ண ஆரம்பித்துவிட்டார். என் ரூம்மேட்டும் தலையைக் குனிந்துகொண்டான். அவர் ஆமென் சொல்வதற்கு முன்னால், “ராத்திரி குடித்துவிட்டு டஹோகா ரோட்டில் வண்டி ஓட்டி வருகிற பையன்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஐயா” என்றான். ஒரு நிமிடம் அமைதி. அப்புறம் அவர்களுக்காகவும் ஜெபித்தார், குரல் கம்மியது. ஆனாலும் எதிர்த்துத்தான் ஓட்டுப் போடுவேன் என்று சொல்லித்தான் அனுப்பினார். வாக்கெடுப்பு ஜெயித்தது. அவரை மறக்க முடியவில்லை.

சேலத்துப்பொண்ணு:
நான் பென்டன் கவுண்டியில் வேண்டாம் என்று ஓட்டுப் போட்டவள், யாராவது ஒருத்தர் அதையும் சொல்ல வேண்டும். ராஜாஜி 1937ல் மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது எங்கள் ஜில்லாவில்தான். எங்கள் ஊர் டாஸ்மாக்கை மூடச் சொல்லி வெயிலில் ரோட்டில் உட்கார்ந்த பெண்களில் என் சித்தியும் ஒருத்தி. இங்கே ஒரு பையன் வந்து, “மேடம், நம்ம பணமெல்லாம் மிசௌரிக்குப் போகிறது” என்று நோட்டீசை நீட்டினான். வீட்டுக்குள் குடிப்பவன் இருந்தால் என்ன ஆகும் என்று அதில் ஒரு வரி இருக்கிறதா என்று கேட்டேன். நோட்டீசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், இல்லை. ஓசார்க்வாசி, அந்த அம்மா பயந்துவிட்டார் என்றே எழுதுகிறீர்கள். மனசாட்சி தடுத்திருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றவே இல்லையா?

கிளிப்போர்டு:
2014ல் அதே ஆர்கன்சாவில் சலைன் கவுண்டியில் கையெழுத்து வாங்கினேன், கடை வாசலிலிருந்து எங்களை மேனேஜர் ரோட்டுக்கு அனுப்பினார், அந்த ஆகஸ்ட் வெயில் போதும் சாமி. நம் கவுண்டி ஜெயித்தது.

இனிமேல் இறங்குகிறவர்களுக்குச் சில விஷயம். ஆர்கன்சாவில் மாநிலம் முழுக்க ஒரு சட்டத்தை வாக்கெடுப்புக்குக் கொண்டுவர, கவர்னர் தேர்தலில் விழுந்த ஓட்டில் 8 சதவீதம் கையெழுத்து போதும், அரசியல் சட்டத்தையே திருத்த 10. ஒரு கவுண்டியில் மதுக்கடை வரலாமா என்று கேட்க மட்டும், பதிவான வாக்காளர்களில் 38 சதவீதம்! அதனால் “கையெழுத்துப் போடுங்கள்” என்று ஆரம்பிக்கவே கூடாது, “இந்தக் கவுண்டியில் ரெஜிஸ்டர் பண்ணியிருக்கிறீர்களா?” என்றுதான் முதல் கேள்வி. கிளார்க் ஆபீசில் சரிபார்க்கும்போது ஏராளமாக அடிபடும், தேவைக்கு மேலே நிறைய வைத்துக்கொள்ள வேண்டும். மனைவிக்காகப் புருஷன் போட்டால் செல்லாது. தாளைக் கடை கவுண்டரில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், ஒவ்வொரு கையெழுத்தும் உங்கள் கண் முன்னால் விழ வேண்டும், அதை நோட்டரி முன்னால் உறுதி சொல்ல வேண்டும். முக்கியமாக, எதிர்ப் பிரசாரத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சர்ச் உண்டியல் மட்டுமில்லை, பக்கத்துக் கவுண்டி மதுக்கடைக்காரர்களும் கொடுப்பார்கள். நம் கவுண்டி ட்ரையாக இருக்கிறவரை அவர்களுக்குத்தான் வியாபாரம்.

ஓசார்க்வாசி:
கிளிப்போர்டு, இதெல்லாம் அப்போதே மனப்பாடம், இங்கே கேட்டது அனுபவம். சேலத்துப்பொண்ணு அக்கா, மனசாட்சி என்றால் அவர் மாதா மாதம் எல்லைக்குப் போயிருக்க மாட்டார், நான் அப்படித்தான் நினைக்கிறேன். ட்ரையாக இருந்தபோதும் இங்கே ரெஸ்டாரன்டுகள் “பிரைவேட் கிளப்” லைசென்ஸ் வாங்கி ஊற்றிக்கொண்டுதான் இருந்தன, வாசலில் நோட்டில் பெயர் எழுதினால் நீங்கள் மெம்பர். 2012 நவம்பரில் ஜெயித்தது இதைப் பார்த்த சனங்களால்தான். ஆனால் வீட்டுக்குள் குடிப்பவன் பற்றி அந்த நோட்டீசில் ஒரு வரி இருந்திருக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னதில் எனக்கு மறுப்பே இல்லை. அடுத்த கவுண்டிக்காரர்கள் அச்சடிக்கும்போது அதைச் சேர்க்கட்டும்.