தவளைகளும் மழையை நம்பி ஏமாறுகின்றன

வால்பாறையிலிருந்து:
நான் பிறந்து வளர்ந்தது எஸ்டேட் லயன் வீட்டில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில். ஜூன் மாதம் இருட்டியதும் பின்பக்க வேலிப் புதரில் ‘டிக் டிக் டிக்’ என்று சத்தம் கேட்கும். ஏதோ பூச்சி என்றே பல வருடம் நினைத்திருந்தேன். ஒருநாள் டார்ச் அடித்துத் தேடினால், கட்டைவிரல் நகம் அளவு தவளை ஒன்று தொண்டையைப் பலூன் மாதிரி ஊதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. புதர்த்தவளை. இதற்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. இலையிலோ சருகிலோ முட்டையிடும், குஞ்சு தவளையாகவே வெளியே வரும். குளம் குட்டை தேவையில்லை. ஆனால் அதுவரை ஈரம் காயக்கூடாது.

முன்பெல்லாம் வாரக்கணக்கில் தூறிக்கொண்டே இருக்கும். துணி காயாமல் அம்மா அடுப்புக்கு மேலே கொடி கட்டிப் போடுவார். இப்போது நாலு நாள் கொட்டித் தீர்க்கிறது, அப்புறம் பத்து நாள் வெயில். போன வருடம் ஓர் இலையில் பார்த்த முட்டைகள், வெயில் அடித்த மூன்றாம் நாள் ஜவ்வரிசி வடாம் மாதிரி காய்ந்து ஒட்டிக் கிடந்தன.

திருவாரூர் பக்கமிருந்து:
அண்ணே, எங்கள் ஊரில் பெரிய மழை பெய்தால் வயலெல்லாம் மஞ்சள் தவளை. ஆண் தவளைகள்தான் அப்படி நிறம் மாறும், தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் நீலப் பை வேறு. தவளை கத்தினால் மழை என்பார் அப்பா. போன சித்திரையில் அதுகளே ஏமாந்துவிட்டன. ஒரே மழை, முட்டையும் போட்டாயிற்று. அதன் பிறகு மூன்று வாரம் ஒரு சொட்டு இல்லை. தலைப்பிரட்டை தவளையாகித் தரைக்கு வர ஒரு மாதமாவது தண்ணீர் நிற்க வேண்டுமே! டிராக்டர் டயர் தடத்துச் சேற்றில் தலைப்பிரட்டைகள் நெளிந்தன, கொக்குகளுக்குக் கொண்டாட்டம். மனசு கேட்காமல் ஒரு வாளி அள்ளிப் பம்புசெட் தொட்டியில் விட்டேன். அங்கே ஒன்றையொன்று தின்ன ஆரம்பித்துவிட்டன. இந்த இனத்துக்கு அது வழக்கமாம்.

மூணாறிலிருந்து:
உங்களுடையதாவது வேறு இடத்திலும் இருக்கிறது. இங்கே இரவிகுளம் தேசியப் பூங்காவின் உச்சிப் புல்வெளியில் ஆரஞ்சுச் சிவப்பில் ஒரு புதர்த்தவளை உண்டு, 2010இல்தான் அதற்குப் பெயரே வைத்தார்கள். சூடு கூடினால் கீழே இருப்பவை மேலே ஏறலாம். இது எங்கே ஏறும்? இங்கே மிக உயரமான சிகரமான ஆனைமுடியே 2,695 மீட்டர்தான். 2023இல் வந்த உலகக் கணக்கின்படி தவளை, சாலமாண்டர் (பல்லி மாதிரி வாலுள்ள, தவளைக்கு உறவான உயிர்) போன்ற வகைகளில் 41 சதவீதம் அழிவின் விளிம்பை நோக்கிப் போகின்றன. 2004க்குப் பின் நிலைமை மோசமானவற்றில் 39 சதவீதத்துக்கு முதல் காரணம் பருவநிலை மாற்றம்.

கொடைக்கானல், ஏற்காடு பக்கம் யாராவது இருந்தால், இந்த வருடம் முதல் சத்தம் எப்போது கேட்டது என்று தேதியோடு எழுதுங்களேன்.