விடுதி விருந்தினருக்கு ஊர் நடப்பை எப்படிச் சொல்வது? (மதுரை)

வைகை_வரவேற்பு எழுதிய கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். மதுரை இரயில் நிலையத்திலிருந்து நடந்து வரக்கூடிய தொலைவில் உள்ள ஒரு நடுத்தர விடுதியில் வரவேற்புப் பிரிவின் பொறுப்பில் இருக்கிறேன். எங்களிடம் தங்குவோரில் பெரும்பாலோர் ஓரிரவுக்கு மட்டுமே அறை எடுக்கிறார்கள். மீனாட்சியம்மன் கோவில், திருமலை நாயக்கர் மகால், மறுநாள் விடிந்ததும் இராமேசுவரம் என்று வரும்போதே திட்டத்தை முடித்துக்கொண்டுதான் வருகிறார்கள்.

ஊரில் என்ன நடக்கிறது என்பதை விருந்தினருக்கு நாங்களே முன்வந்து சொல்ல வேண்டும் என்று நிர்வாகம் இப்போது விரும்புகிறது. இதற்காக வழவழப்பான தாளில் ஒரு கையேடு அச்சிட்டு லாபியில் அடுக்கி வைத்தோம். அதை எடுத்துப் பார்ப்பவர் மிகச் சிலரே. அதில் உள்ள அத்தனையும் அவரவர் கைபேசியிலேயே கிடைக்கும்போது அவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை.

எனக்கு இரண்டு சிக்கல்கள் உள்ளன. எங்கள் பணியாளர்களில் பாதிப் பேர் வெளி மாவட்டத்தையோ வட மாநிலங்களையோ சேர்ந்த இளைஞர்கள். விடுதிக்கும் தாங்கள் தங்கும் இடத்துக்கும் இடையில் உள்ள தெருக்களைத் தவிர ஊரில் வேறெதையும் பார்த்தறியாதவர்கள். அவர்களை எப்படிப் பழக்குவது? அடுத்து, சில ஆட்டோ ஓட்டுநர்களும் புடவைக் கடைக்காரர்களும் ஆள் அனுப்பினால் கமிஷன் தருவதாகப் பணியாளர்களிடம் பேசுகிறார்கள். இதை எங்கே நிறுத்துவது? அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மாசிவீதி_லாட்ஜ் எழுதிய பதில்:

வணக்கம் அம்மா. மாசி வீதிப் பக்கம் சிறிய லாட்ஜ் ஒன்றை நடத்துகிறேன். தங்கள் கையேட்டை யாரும் எடுக்காததில் வியப்பில்லை. மகாலைக் கட்டியது யார் என்பதைத் தெரிந்துகொள்ள எவரும் வரவேற்பு மேசைக்கு வருவதில்லை. இன்றைக்கு, இந்த நேரத்தில், வாசலை விட்டு இறங்கினால் என்ன இருக்கும் என்பதுதான் அவர்களுக்குத் தேவை. அதைக் கையேட்டில் அச்சிட முடியாது.

மிக எளிய எடுத்துக்காட்டு ஒன்று. விடிகாலை இரயிலில் வந்து இறங்கும் குடும்பம் அறையில் குளித்து, சாப்பிட்டு, சற்றுப் படுத்து எழுந்து பதினொன்றரைக்குக் கோவிலுக்குக் கிளம்பும். வரிசையில் நின்று உள்ளே போவதற்குள் நண்பகல் நடை சாத்தும் நேரம் வந்துவிடும்; பிறகு மாலை நான்கு மணி அளவில்தான் திறப்பார்கள். வெளியூர்க்காரர் இந்த இடைவெளியை நினைத்தே பார்த்திருக்க மாட்டார். "இப்போது போக வேண்டாம் ஐயா, நான்கு மணிக்குப் போனால் நிதானமாகப் பார்க்கலாம், அதுவரை மகாலுக்கோ காந்தி அருங்காட்சியகத்துக்கோ போய் வரலாம், அங்கே இன்று விடுமுறையா என்று இப்போதே கேட்டுச் சொல்கிறேன்" என்று சாவியைக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டால், அந்தக் குடும்பத்தின் ஒரு நாளைத் தாங்கள் மீட்டுக் கொடுத்தவராகிறீர்கள். கோவிலுக்குள் கைபேசி கொண்டு போகக் கூடாது என்பதையும், அரைக்கால் சட்டையில் வந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள் என்பதையும் அறையிலிருந்து இறங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது வீதிகள். கோவிலைச் சுற்றிச் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று ஒன்றையொன்று வளைத்துக்கொண்டு போகும் ஊர் இது. சுவாமி புறப்பாடு இருக்கும் நாட்களில் மாசி வீதிகளில் வண்டி நுழைய முடியாது. எந்த மாதத்தில் எந்த விழா என்பது கோவில் வெளியிடும் விழாப் பத்திரிகையிலேயே இருக்கிறது. அதைக் கண்ணாடி போட்டு வரவேற்பு மேசைக்குப் பின்னால் மாட்டி வையுங்கள். ஆவணி மூலத் திருவிழாவில் பிட்டுக்கு மண் சுமந்த லீலை, தைப்பூசத்தன்று வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் தெப்பம், நவராத்திரியில் கோவிலுக்குள் கொலு என்று ஏறக்குறைய எல்லா மாதமும் ஏதேனும் ஒன்று உண்டு. அதே நேரத்தில், ஊர் நடப்பு என்றாலே கோவில் மட்டும்தான் என்று எண்ணிவிட வேண்டாம். கோரிப்பாளையம் தர்காவின் சந்தனக்கூடு, கீழ வெளி வீதி மாதா கோவிலின் கிறிஸ்துமஸ் இரவு ஆகியவற்றைக் காண விரும்பும் விருந்தினரும் இருக்கிறார்கள். தமுக்கம் மைதானப் பக்கம் புத்தகத் திருவிழா நடக்கும் நாட்களில் மாலை நேரத்தை அங்கேயே கழிப்பவர்களும் உண்டு.

எதைக் காண்பது என்று விருந்தினர் என்னைக் கேட்டால், விழா எதுவும் இல்லாத நாளில்கூட நான் தவறாமல் சொல்வது பள்ளியறை பூசையைத்தான். இரவு நடை சாத்தும் முன்பு, சொக்கநாதரின் திருவடிகளைப் பல்லக்கில் வைத்து, நாதசுவரமும் தவிலும் முன்னே போக, சாம்பிராணிப் புகைக்கு நடுவில் அம்மன் சன்னதிக்கு எடுத்துச் செல்வார்கள். பல்லக்கின் திரையை மூடியே வைத்திருப்பார்கள். தூக்கி வருபவர்கள் சன்னதி வாசலில் சற்று நிற்பார்கள், விசிறி வீசுவார்கள், பிறகு உள்ளே போய்விடுவார்கள். இந்து அல்லாத விருந்தினர் மூலவர் சன்னதிக்குள் போக முடியாது என்றாலும், வெளிப் பிரகாரத்தில் ஓரமாக நின்று பல்லக்கு கடந்து போவதைப் பார்க்கலாம். பகல் முழுவதும் நெரிசலில் கோவிலைப் பார்த்துச் சலித்தவர்களும் இதைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் நின்று பேசாமல் அறைக்குப் போனதில்லை.

முன்னாள்_கன்சியர்ஜ் எழுதிய பதில்:

சென்னையில் பெரிய விடுதிகளில் கன்சியர்ஜ் மேசையில், அதாவது விருந்தினருக்கு ஊரைப் பற்றி வழி சொல்லி ஏற்பாடு செய்து தரும் மேசையில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மேலே லாட்ஜ்காரர் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். தங்கள் இரண்டு சிக்கல்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கமிஷன் விஷயத்தில் நடுவழி என்று ஒன்று கிடையாது. 1929இல் பாரிசில் தொடங்கிய கன்சியர்ஜ் சங்கத்தின் உறுப்பினர்கள் சட்டைக் கழுத்துப் பட்டியில் குறுக்காக வைத்த இரண்டு தங்கச் சாவிகளை அணிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சாவிக்கு மதிப்பு இருப்பதற்கு ஒரே காரணம், மேசையில் இருப்பவர் சொல்லும் கடை அவருக்குப் பணம் கொடுத்த கடை அல்ல என்று விருந்தினர் நம்புவதுதான். சுங்குடிப் புடவை எங்கே வாங்கலாம் என்று கேட்டால், ஒரு கடையின் பெயரை மட்டும் சொல்லாமல் இரண்டு மூன்று கடைகளைச் சொல்லி, கையால் முடிச்சிட்டுச் சாயம் ஏற்றியதற்கும் அச்சிட்டதற்கும் என்ன வேறுபாடு என்பதைப் பணியாளர் விளக்கத் தெரிந்திருந்தால் போதும். விரித்துப் பார்த்தால் முடிச்சுப் போட்ட இடத்தில் துணி சிறிதாகப் புடைத்திருக்கும். அச்சில் அது இருக்காது. ஆட்டோவுக்கு, விடுதியிலிருந்து மாட்டுத்தாவணி, ஆரப்பாளையம், அழகர்கோவில் ஆகிய இடங்களுக்கு வழக்கமாக வாங்கும் கட்டணத்தை எழுதி ஒட்டிவிடுங்கள். ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் ஏற வேண்டிய தேனி, கோவைப் பக்கம் போகிறவரை ஆட்டோக்காரர் மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்தில் கொண்டு போய் இறக்கிவிட்டால் அந்தப் பழியும் தங்கள் மேசைக்குத்தான் வந்து சேரும். ஆகவே எந்த ஊர்ப் பேருந்து எந்த நிலையத்திலிருந்து புறப்படுகிறது என்பதும் அந்தத் தாளிலேயே இருக்கட்டும்.

இனிப் பணியாளர்கள். ஷிஃப்ட் மாறும்போது எழுதும் லாக் புக் தங்களிடம் கட்டாயம் இருக்கும். அதில் ஒரு பக்கத்தை ஊர்ச் செய்திக்கு ஒதுக்குங்கள். என்ன செய்தி, யார் சொன்னது, எந்த நேரத்தில் உறுதி செய்யப்பட்டது என்ற மூன்றும் இல்லாமல் எந்தச் செய்தியும் விருந்தினரிடம் போகக் கூடாது. இரவுக் காவலருக்கும், அறை சுத்தம் செய்யும் அம்மாக்களுக்கும், பால் கொண்டு வருபவருக்கும் தெரிந்த ஊர் நமக்குத் தெரியாது. எந்தத் தெருவில் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், எந்த அம்மன் கோவிலில் முளைப்பாரி எடுக்கிறார்கள் என்பதெல்லாம் அவர்கள் வாயிலிருந்துதான் வரும். ஆனால் அவர்கள் சொன்னதை அப்படியே சொல்லிவிடாமல், தொலைபேசியில் ஒருமுறை கேட்டு உறுதி செய்வது வரவேற்புப் பிரிவின் வேலை.

சென்னையில் மார்கழி இசைவிழா நாட்களில் இதன் அருமை நன்றாகத் தெரியும். 1928இல் தொடங்கிய மியூசிக் அகாடமி முதல் தெருமுனைச் சபா வரை ஒரே மாலையில் பல கச்சேரிகள் நடக்கும். "கச்சேரி கேட்க வேண்டும்" என்று சொல்லும் வெளிநாட்டு விருந்தினரைப் பெரிய பெயர் என்பதற்காக மூன்று மணி நேர மாலைக் கச்சேரிக்கு அனுப்பினால், பாதியில் எழுந்து வந்துவிடுவார். அவருக்கு முன்பின் பழக்கம் உண்டா, எவ்வளவு நேரம் உட்கார முடியும் என்ற இரண்டைக் கேட்டுவிட்டு, பழக்கம் இல்லாதவரைப் பிற்பகலில் இளைய கலைஞர்கள் பாடும் கட்டணமில்லாக் கச்சேரிக்கு அனுப்பி, அப்படியே சபா கேண்டீனில் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்வேன். கேண்டீனைப் பற்றித்தான் பலர் திரும்பி வந்து பேசுவார்கள் என்பது வேறு கதை. எந்த விருந்தினருக்கு எது ஒத்துவராது என்று சொல்லத் தெரிவதில்தான் இந்த வேலையின் பாதி இருக்கிறது.

வெளி மாநில இளைஞர்களை வாரத்தில் ஒருநாள் பணி நேரத்திலேயே ஊருக்குள் அனுப்புங்கள். விடுப்பு நாளில் போய் வா என்று சொன்னால் போக மாட்டார்கள். போகாததில் தவறும் இல்லை.

சேலத்துப்_பயணி எழுதிய பதில்:

விருந்தினர் பக்கத்திலிருந்தும் ஒரு குரல் ஒலிக்கட்டும். வேலை காரணமாக அடிக்கடி விடுதிகளில் தங்குகிறேன். பெயர் சொல்ல விரும்பாத ஓர் ஊரில், நெசவு பார்க்கலாம் என்று சொல்லி வரவேற்பறை இளைஞர் வண்டி ஏற்பாடு செய்தார். வண்டி போய் நின்றது ஒரு பட்டுக் கடையின் வாசலில், தறி என்று காட்டியது கடை மூலையில் காட்சிக்கு வைத்த ஒன்றை. அதன் பிறகு விடுதிக்காரர் எதைப் பரிந்துரைத்தாலும் ஐயத்தோடுதான் கேட்கிறேன். ஆகவே முன்னாள் கன்சியர்ஜ் ஐயா கமிஷனைப் பற்றி எழுதியது மிகையன்று.

இன்னொன்று. இப்போது சில விடுதிகள் அறை எடுத்த உடனேயே வாட்ஸ்அப்பில் பட்டியல் பட்டியலாக அனுப்பத் தொடங்கிவிடுகின்றன. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை வைத்து, அன்றைய செய்தி இரண்டை மட்டும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினால், லிஃப்ட் வரும்வரை நிற்கும் எவரும் படித்துவிடுவார். முந்தைய நாள் செய்தி மறுநாள் காலையில் அதில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

மதுரையில் எனக்குப் பயன்பட்ட செய்தி ஒன்றைச் சொல்கிறேன். பூச்சந்தை பார்க்க வேண்டும் என்றேன். அறை சுத்தம் செய்த அம்மா, "நாளைக்கு முகூர்த்த நாள், விடியறதுக்குள்ள மாட்டுத்தாவணிக்குப் போயிருங்க, நேரமாச்சுன்னா நல்ல பூ எல்லாம் போயிரும்" என்றார். போனேன். ஈரச் சாக்கு விரித்துக் குவித்த மல்லிகை மொட்டுகளுக்கு முன்னால் தராசைப் பிடித்துக்கொண்டே விலை கூவியவர், நான் நின்றிருந்த சிறிது நேரத்துக்குள்ளேயே விலையை ஏற்றினார். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்ததைக் கையேட்டில் படித்திருந்தேன். பனிக்காலத்தில் வரத்துக் குறைந்து விலை தாறுமாறாக ஏறும் என்பதையும், மொட்டு மாலையில் மலரும் கணக்கில்தான் விடியலில் பறிக்கிறார்கள் என்பதையும் அந்தத் தராசுக்காரர்தான் சொன்னார்.

வைகை_வரவேற்பு எழுதிய மறுமொழி:

மூவருக்கும் மிக்க நன்றி. கரும்பலகையை ஏற்பாடு செய்துவிட்டேன். லாக் புக்கில் ஊர்ச் செய்திப் பக்கமும் இன்று முதல் உண்டு. ஆட்டோ கட்டணத் தாளுக்கு நிர்வாகத்தின் ஒப்புதல் வர வேண்டும்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். சித்திரைத் திருவிழாவின்போது அறைகள் எல்லாம் நிரம்பிவிடும். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வேண்டும் என்று கைக்குழந்தையோடு வருபவர்களும் கேட்பார்கள். போங்கள் என்றும் சொல்ல முடியவில்லை, போகாதீர்கள் என்றும் சொல்ல மனம் வரவில்லை.

மாசிவீதி_லாட்ஜ் எழுதிய பதில்:

முதலில் தேதியைச் சரியாகச் சொல்லுங்கள். சித்ரா பௌர்ணமியை ஒட்டி வருவதால் ஆண்டுதோறும் ஏப்ரலுக்கும் மே மாதத்துக்கும் இடையே அது மாறும். மீனாட்சி திருக்கல்யாணமும் தேரும் ஒரு கோவிலின் விழா; அழகர் வருவது அழகர்கோவிலின் விழா. இரண்டையும் திருமலை நாயக்கர்தான் ஒரே மாதத்தில் சேர்த்தார் என்பார்கள். ஆகவே இரண்டு கோவில்களின் பத்திரிகைகளும் தங்கள் கையில் இருக்க வேண்டும்.

ஆற்றில் இறங்கும் காலையில் கைக்குழந்தையோடும் முதியவர்களோடும் வைகைக் கரையில் உள்ள ஆழ்வார்புரம் பக்கமோ ஏ.வி. பாலத்துப் பக்கமோ போக வேண்டாம் என்று தயங்காமல் சொல்லுங்கள். 2022இல் அங்கே நெரிசலில் சிக்கி இருவர் இறந்ததை ஊர் மறக்கவில்லை. ஆனால் வேண்டாம் என்பதோடு நிறுத்தக் கூடாது. அதற்கு முந்தைய நாள் அழகர் ஊருக்குள் நுழையும் எதிர்சேவை உண்டு. தல்லாகுளம் செல்லும் வழி நெடுகிலும் சுவாமி நின்று செல்லும் மண்டகப்படிகள் இருப்பதால் கூட்டம் ஓரிடத்தில் அடைந்து நிற்காமல் பரந்திருக்கும். கள்ளழகர் வேடமிட்டவர்கள் தோல் பையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுவதையும் அங்கேயே பார்க்கலாம். குடும்பத்தோடு வருபவரை அங்கே, பகலிலேயே, சாலையோரத்தில் நிழலுள்ள இடமாகப் பார்த்து நிற்கும்படி அனுப்புங்கள். அழகர் எந்த நிறப் பட்டு உடுத்தி இறங்குகிறார், பச்சை என்றால் அந்த ஆண்டு விளைச்சல் நன்றாக இருக்கும் என்ற பேச்சை எல்லாம் அறையில் உட்கார்ந்து தொலைக்காட்சி நேரலையில் பார்த்தே அவர்கள் தெரிந்துகொள்ளலாம்.

ஆற்றுக்குப் போயே தீருவேன் என்னும் இளைஞர்களுக்கு, விடுதியின் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய சிறு அட்டையைச் சட்டைப் பையில் போட்டு அனுப்புங்கள். கூட்டத்தில் கைபேசி இணைப்புக் கிடைப்பதைப் பெரிதாக நம்ப முடியாது. அன்று காலை மாட்டுத்தாவணிக்குப் போய்ப் பேருந்து பிடிக்க வேண்டியவர்கள் யார் யார் என்று முந்தைய மாலையே அறைவாரியாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரயில் நிலையம் நம் பக்கம் இருப்பதால் அங்கே போகிறவர்களுக்குப் பெரிய சிரமம் இருக்காது. மாட்டுத்தாவணி ஆற்றுக்கு வடக்கே இருக்கிறது, எந்தப் பாலம் எப்போது திறந்திருக்கும் என்பதைப் போக்குவரத்துக் காவல்துறை அறிவிப்பைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அந்த அறிவிப்பு நாளிதழ்களில் முன்கூட்டியே வந்துவிடும். வெட்டி எடுத்துத் தங்கள் கரும்பலகையில் ஒட்டிவிடுங்கள்.