பணித்தளத்துப் பால்வாடிக்கு உதவியாகப் போகிறேன்: போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

பாளை வாசகி:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபைக் குழு மார்ச் மாதம் ஜார்க்கண்டில் உள்ள மிஷனெரிப் பணித்தளத்துக்குப் போகிறது. சாகிப்கஞ்ச் பக்கம், ராஜ்மகல் மலையில் மால்தோ மக்கள் வாழும் கிராமங்கள். அண்ணன்மார்களுக்குக் கட்டட வேலை. என்னைப் பால்வாடியில் டீச்சருக்கு உதவியாக இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். மூன்றிலிருந்து ஆறு வயதுப் பிள்ளைகள். ஓய்வுநாள் பள்ளியில் பாட்டுச் சொல்லிக்கொடுத்த பழக்கம் மட்டும்தான் எனக்கு உண்டு. இந்தி கொஞ்சம் வரும், மால்தோ சுத்தமாகத் தெரியாது. ஆங்கில ரைம்ஸ், ஃபிளாஷ் கார்டு, சாக்லேட் எல்லாம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். வேறு என்ன வேண்டும்?

நாசரேத் அக்கா:
தங்கச்சி, அந்த மலையில் பால்வாடி டீச்சராக இருந்தவள் நான். வெளியூர்க் குழுக்கள் வரும்போது வகுப்பு என்ன ஆகும் என்று பார்த்திருக்கிறேன், அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

அங்கே டீச்சர் பெரும்பாலும் அந்த ஊர்ப் பெண்ணாகத்தான் இருப்பாள். பிள்ளைகளுக்குப் பழகிய குரல் அவளுடையது. நீ போவது அவளுக்குக் கைவேலைக்கு. முதல் நாள் எதுவும் நடத்தாதே, பாயில் பிள்ளைகளோடு உட்கார். நின்றுகொண்டு பேசினால் சின்னதுகள் மிரளும். உன்னைப் பார்த்து ஒன்றிரண்டு அழும். ஓடிப்போய்த் தூக்காதே, டீச்சரோ அதன் அக்காவோ தூக்கட்டும். நீ பாட்டுக்குக் களிமண் உருட்டிக்கொண்டிரு, தானாகப் பக்கத்தில் வந்து உட்காரும். எட்டு ஒன்பது வயதுச் சிறுமி தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வருவாள். அவளைப் பால்வாடி வயசு இல்லை என்று வெளியே அனுப்பிவிடாதே. எந்தப் பிள்ளைக்கு என்ன பயம் என்று அவளுக்குத்தான் தெரியும்.

மால்தோவும் நம் திராவிட மொழிக் குடும்பம்தான். ஆனாலும் கேட்டவுடன் புரியாது. வா, உட்கார், தண்ணீர், வலிக்குதா, போதும், ஒன்றுக்கு வருது: இந்த வார்த்தைகளை முதல் நாளே டீச்சரிடம் கேட்டு நோட்டில் எழுதிக்கொள். ஆங்கில ரைம்ஸ் வேண்டாம். ஒன்றாம் வகுப்பில் இந்தி வந்து நிற்கும், அதற்கே அந்தப் பிள்ளைகள் திணறுவார்கள். பால்வாடியிலாவது வீட்டில் பேசும் மொழியிலேயே பாடட்டும், நீ அவர்களிடம் கற்றுக்கொண்டு கூடப் பாடு. எண்ணிப் பழக புளியங்கொட்டை, கூழாங்கல், இலை போதும்.

இன்னொன்று, நீ போகும் மாதம் மகுவாப் பூ விழும் காலம். நம் ஊர் இலுப்பையின் இனம்தான் அது. விடியுமுன் குடும்பமே பூ பொறுக்கக் காட்டுக்குப் போகும், பிள்ளைகளும் கூடப் போவார்கள். தாமதமாக வருவார்கள், வந்ததும் தூங்கி விழுவார்கள். தூங்கவிடு.

மற்றபடி மூக்குத் துடைப்பது, கிச்சடிக்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வைப்பது, பாய் விரிப்பது, பென்சில் சீவுவது. ஒன்றுக்கு, ரெண்டுக்குக் கூட்டிப்போக டீச்சரோ வேறொரு பெரியவரோ கூட இருக்க வேண்டும். எந்தப் பிள்ளையோடும் நீ மட்டும் தனியாக இருக்காதே. பிள்ளைக்கும் உனக்கும் அதுதான் பாதுகாப்பு.

சாக்லேட்டை விட்டுவிடு. நீ கிளம்பிய பிறகு வெறுங்கையோடு வகுப்புக்கு வருகிற டீச்சரைப் பிள்ளைகள் ஏமாற்றத்தோடு பார்ப்பார்கள். அதோடு, ஆசை காட்டி மதம் மாற்றுவதைத் தண்டிக்கும் சட்டம் ஜார்க்கண்டில் 2017 முதல் இருக்கிறது. பிள்ளைகள் கையில் நீ கொடுக்கும் பரிசு, ஊழியக்காரருக்கு வீண் சிக்கலாக முடியலாம். கொண்டுபோவதை டீச்சரிடம் கொடு, வகுப்புப் பொருளாக அங்கேயே இருக்கட்டும்.

வேலூர் செவிலி:
அக்கா சொன்னதோடு உடம்பு விஷயமும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாகிப்கஞ்ச் பக்கம் மலேரியாவும் உண்டு, வாரக்கணக்கில் காய்ச்சல் அடிக்கும் காலா அசார் என்ற நோயும் உண்டு. இரண்டாவது மணல் ஈ கடித்து வருவது. அது கொசுவைவிடச் சிறியது, சாயங்காலமும் இரவும் கடிக்கும். மருந்து தோய்த்த வலை, முழுக்கைச் சட்டை கட்டாயம். மலேரியா மாத்திரை பற்றிக் கிளம்புவதற்கு முன்பே டாக்டரிடம் கேளுங்கள். சளி, காய்ச்சல் இருக்கும் நாளில் வகுப்புக்குப் போகாதீர்கள். பிள்ளைகளுக்கு உங்கள் பையிலிருந்து மருந்து கொடுக்கவே வேண்டாம். இரண்டு வாரம் தாண்டியும் காய்ச்சல் விடாத பிள்ளை இருந்தால், அங்குள்ள சுகாதாரப் பணியாளரிடம் உடனே சொல்லுங்கள். திரும்பி வந்த பிறகு உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் எங்கே போயிருந்தீர்கள் என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

பாளை வாசகி:
ரொம்ப நன்றி அக்கா, சிஸ்டர். ரைம்ஸ் அட்டைகளை எடுத்து வைத்துவிட்டேன். ஒரு சந்தேகம்: சபையில் காட்ட ஃபோட்டோ எடுத்து வரச் சொல்கிறார்கள். எடுக்கலாமா?

நாசரேத் அக்கா:
பெற்றோர் சம்மதம் இல்லாமல் முகம் தெரிய எடுக்காதே தங்கச்சி. கேட்டால் சரி என்றுதான் சொல்வார்கள், வந்த விருந்தாளியிடம் முடியாது என்று சொல்லமாட்டார்கள். அதனால் நாமே அடக்கமாக இருக்க வேண்டும். மூக்கு ஒழுகுவதையும் கிழிந்த சட்டையையும் எடுத்து வந்து திரையில் காட்டுவது எனக்குப் பொறுக்காது. நம் வீட்டுப் பிள்ளையை அப்படிக் காட்டுவோமா? அவர்கள் வரைந்த படங்களை எடு, மண்ணில் செய்ததை எடு. பெயரும் ஊரும் போட்டு வாட்ஸ்அப்பில் விடாதே.

அப்புறம், கிளம்பும் நாளைப் பிள்ளைகளிடம் முந்தின நாளே டீச்சர் மூலமாகச் சொல்லிவிடு. சொல்லாமல் போனால் அடுத்த நாளும் வாசலில் தேடுவார்கள். என்ன கொண்டுபோவது என்பதைப் பணித்தளத்துக்குப் போன் போட்டு டீச்சரிடமே கேள். எங்களுக்கு எப்போதும் தட்டுப்பாடு பாயும் முனை மழுங்கின சின்னக் கத்தரிக்கோலும்தான்.