அரசு டெண்டரில் குறு, சிறு நிறுவனச் சலுகை: உங்களுக்கு நடந்தது என்ன?

குறிச்சி லேத் எழுதியது:

கோவை குறிச்சியில் இரண்டு சிஎன்சி, மூன்று சாதாரண லேத், ஒரு மில்லிங் இயந்திரம் ஆகியவற்றை வைத்துக்கொண்டு வால்வு பாகங்களைக் கடைந்து கொடுக்கும் சிறிய பட்டறையை நடத்தி வருகிறேன். பதினோரு ஆண்டுகளாகப் பம்ப் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் மட்டுமே செய்துவந்த நான், மத்தியப் பொதுத்துறை நிறுவன டெண்டர்களில் கலந்துகொள்ளத் தொடங்கிய அனுபவத்தை இங்கே எழுதுகிறேன். மற்றவர்களும் தங்களுக்கு நேர்ந்ததை, லாபமோ நட்டமோ, கணக்கோடு எழுதினால் பயனாக இருக்கும்.

நமக்கான சலுகைகளின் அடிப்படை, 2012 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் குறு, சிறு நிறுவனங்களுக்கான பொதுக் கொள்முதல் கொள்கை ஆணை. மத்திய அமைச்சகங்களும் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தம்முடைய ஆண்டுக் கொள்முதலில் குறைந்தது 25 விழுக்காட்டைக் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து வாங்க வேண்டும் என்கிறது அது. முதலில் 20 விழுக்காடாக இருந்தது, 2019 ஏப்ரலில் 25 ஆனது. இந்த 25 என்பது வாங்கும் நிறுவனம் ஆண்டு முழுவதற்கும் சேர்த்து எட்ட வேண்டிய அளவே தவிர, ஒவ்வொரு டெண்டரிலும் நமக்கென்று ஒதுக்கி வைத்த பங்கு அல்ல என்பது எனக்கு மூன்று டெண்டர்களை இழந்த பிறகுதான் புரிந்தது. அந்த மூன்றிலும் எல்-1 ஆக, அதாவது ஆகக் குறைந்த விலை கொடுத்தவராக, வந்தவர் என்னைப் போலவே ஒரு சிறு நிறுவனத்தார். எல்-1 நம்மைப் போன்ற சிறு நிறுவனத்தாராகவே இருந்துவிட்டால் விலைச் சலுகை என்ற பேச்சுக்கே இடமில்லை.

நான்காவது டெண்டரில் 4,000 துருப்பிடிக்கா எஃகு வால்வு உறைகள் கேட்டிருந்தார்கள். டெண்டரில் கலந்துகொள்ளப் பிணையாகக் கட்டும் முன்வைப்புத் தொகையை நாம் கட்ட வேண்டியதில்லை, டெண்டர் படிவம் இலவசம். தரமும் தொழில்நுட்ப விவரக்குறிப்பும் சரியாக இருந்தால் முன் அனுபவத்தையும் விற்றுமுதலையும் தளர்த்தலாம் என்று டெண்டரிலேயே குறிப்பிட்டிருந்ததால் உள்ளே போக முடிந்தது. நான் கொடுத்த விலை ஒன்றுக்கு ₹468. விலை உறை திறந்த அன்று திரையில் முதலிடத்தில் நின்றது ஒரு பெரிய நிறுவனம், ₹412. எல்-1 பெரிய நிறுவனமானால் நமக்கான விலைச் சலுகையின் வரம்பு அதற்கு மேல் 15 விழுக்காடு, அதாவது ₹473.80 வரை போகும். என் விலை அந்த வரம்புக்குள் ஐந்து ரூபாய் எண்பது காசு இடைவெளியில் நின்றதைப் பார்த்து, ஆர்டர் கிடைத்துவிட்டதாகவே நினைத்து வீட்டுக்குப் போன் செய்தேன்.

கடிதம் வந்தபோதுதான் விதியின் மறுபாதி தெரிந்தது. எல்-1 விலைக்கு இறங்கி வரச் சம்மதித்தால், மொத்த அளவில் 25 விழுக்காடு, அதாவது 1,000 உறைகள் எனக்குக் கிடைக்கும். 468 என்பது என்னை அந்த அறைக்குள் அழைத்துப்போன விலை மட்டுமே, எனக்குத் தரப்போகும் விலை 412. என் அடக்க விலையோ வார்ப்பு ₹236, கடைசல் ₹92, சோதனையும் பேக்கிங்கும் ₹31, லாரி ₹12, வாடகை, வட்டி, மின்சாரத்தின் நிலைக்கட்டணம் எல்லாம் சேர்த்து ₹45, ஆக மொத்தம் ₹416. நான்கு ரூபாய் கையை விட்டுப் போகும் என்று நான் தயங்க, கணக்கைப் பார்த்துக்கொள்ளும் என் மனைவி, "அந்த நாற்பத்தைந்து ரூபா, மிஷின் சும்மா நின்னாலும் போகத்தானே போகுது, எடுத்துப் போடுங்க" என்றார். சம்மதக் கடிதம் அனுப்பினோம்.

நாங்கள் இருவருமே கவனிக்கத் தவறியது வார்ப்பு விலை. ₹236 என்பது 4,000 உறைகளுக்காக ஃபவுண்டரிக்காரர் சொன்ன விலை. 1,000 தான் என்றதும் பேட்டர்ன் (வார்ப்புக்கான மாதிரி அச்சு) செலவை அத்தனைக்குள் அடக்க வேண்டும் என்று ₹251 கேட்டார், அவர் கேட்டதில் நியாயமும் இருந்தது. அடக்கம் ₹431 ஆகி, ஏட்டில் ₹19,000 நட்டத்துடன் ஆர்டரை முடித்தேன். வாடகை, வட்டியில் ஒரு பகுதியை ஈட்டியதாகப் பார்த்தால் அது அவ்வளவு பெரிய இழப்பல்ல. அடுத்த டெண்டரில் முன் அனுபவத்துக்கு யாருடைய தளர்வும் தேவைப்படவில்லை. இப்போது எந்த டெண்டருக்கும் முழு அளவுக்கு ஒன்று, கால் அளவுக்கு ஒன்று என இரண்டு அடக்க விலைகளை முன்கூட்டியே போட்டு வைத்துக்கொள்கிறேன். கால் அளவுக்கான அடக்கத்தை விடக் கீழே எல்-1 போய்விட்டால் சம்மதம் தருவதில்லை, அதற்காக வருத்தப்படுவதுமில்லை.

கரூர் தையல் எழுதியது:

வணக்கம். பன்னிரண்டு தையல் இயந்திரங்களுடன் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் தைக்கும் யூனிட் என்னுடையது. என் கதையில் விலை உறை வரைக்கும் நான் போகவே இல்லை.

அரசுக் கொள்முதலுக்கான ஜெம் இணையதளத்தில் மத்திய அரசு மருத்துவமனை ஒன்றுக்கு 3,000 படுக்கை விரிப்புகள் கேட்டு வந்த டெண்டரில், குறு, சிறு நிறுவனமாகப் பதிவு செய்ததற்கான உத்யம் சான்றிதழை இணைத்து முன்வைப்புத் தொகைக்கு விலக்குக் கேட்டிருந்தேன். தொழில்நுட்ப மதிப்பீட்டிலேயே தகுதி நீக்கம் செய்துவிட்டார்கள். காரணமாக ஒரே ஒரு வரி: விண்ணப்பதாரர் வர்த்தகர், விலக்குப் பொருந்தாது. இயந்திரங்கள் ஓடும் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து அந்த வரியைப் படித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிறகு சான்றிதழை எடுத்து முதன்முறையாக இரண்டாம் பக்கம் வரை படித்தேன். உற்பத்தி என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜவுளி மொத்த வியாபாரம் என்று இருந்தது. 2021-இல் நெட் சென்டரில் பதிவு செய்து கொடுத்த தம்பி, ஜிஎஸ்டி சான்றிதழில் வியாபாரம் என்று இருந்ததைப் பார்த்து அப்படியே போட்டிருக்கிறார்.

சில்லறை, மொத்த வியாபாரிகளை 2021 ஜூலையில் உத்யம் பதிவுக்குள் சேர்த்துக்கொண்டபோது, வங்கிகளின் முன்னுரிமைக் கடனுக்காக மட்டுமே என்று தெளிவாகச் சொல்லித்தான் சேர்த்தார்கள். கொள்முதல் கொள்கையின் சலுகை, தானே உற்பத்தி செய்பவருக்கும் தானே சேவை தருபவருக்கும் உரியது. முறையிடுவதற்குக் கொடுத்த அவகாசத்துக்குள் இயந்திரங்களின் பில், மின் இணைப்பு ரசீது, பட்டறையின் படம் எல்லாவற்றையும் ஏற்றினேன், பலனில்லை. டெண்டர் முடிவடைந்த தேதியில் சான்றிதழ் என்ன சொன்னதோ அதைத்தான் பார்ப்போம் என்றார்கள். கோபம் வந்தாலும் அவர்கள் சொன்னதில் பிழை காண முடியவில்லை. உத்யம் தளத்தில் திருத்துவதற்குக் கட்டணம் கிடையாது, அரை மணி நேர வேலை. அதை நான் அந்த டெண்டருக்கு ஒரு நாள் முன்பு செய்திருக்க வேண்டும்.

பெண் தொழில்முனைவோருக்கு 3 விழுக்காடு இருக்கிறதே, தனியாக டெண்டர் வராதா என்று அக்கம்பக்கத்தில் பலர் கேட்கிறார்கள். அதுவும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான 4 விழுக்காடும் அந்த 25-க்குள் அடங்கியவை. குறிச்சி நண்பர் சொன்னதைப் போல அவையும் ஆண்டுக் கணக்குத்தான். மூன்றாண்டுகளில் எனக்கென்று ஒரு டெண்டரும் தனியாக வந்ததில்லை.

துவாக்குடி ஃபேப்ரிகேஷன் எழுதியது:

ஆர்டர் கிடைப்பதைப் பற்றி இருவர் எழுதிவிட்டார்கள். நான் பணம் வருவதைப் பற்றி எழுதுகிறேன்.

திருச்சி துவாக்குடியில் எங்களைப் போன்ற ஃபேப்ரிகேஷன் யூனிட்டுகளுக்கு ஒரே வாடிக்கையாளரை நம்பிப் பிழைப்பது பழகிப்போன ஒன்று. அதிலிருந்து வெளியே வரும் எண்ணத்தில் வெளிமாநிலத்தில் உள்ள பொதுத்துறை நிறுவனம் ஒன்றுக்கு ₹6,80,000 மதிப்பில் குழாய்த் தாங்கிகளைச் செய்து அனுப்பினேன். சரக்கு இறங்கிய அன்றே கிடங்குக் காப்பாளர் டெலிவரி சலானில் முத்திரையிட்டுத் தேதி போட்டுக் கொடுத்தார். அந்தச் சலானின் கார்பன் நகலை லாரி ஓட்டுநர் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்ததில் வியர்வை பட்டு ஒரு மூலை மங்கியிருந்தாலும், தேதி மட்டும் தெளிவாகத் தெரிந்தது. பிற்பாடு எனக்குச் சோறு போட்டது அந்தத் தேதிதான்.

2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி, வாங்குபவருடன் எழுத்தில் எந்தக் கெடுவை ஒப்புக்கொண்டிருந்தாலும் அது சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது. எனக்கோ பணம் வராமல் 45 நாள், 90 நாள், 150 நாள் என்று போய்க்கொண்டே இருந்தது. கணக்குப் பிரிவில் கேட்டால், ஆய்வாளர் ஏற்புச் சான்றிதழ் கொடுத்ததே எழுபதாம் நாளில்தான், ஆகவே அன்றிலிருந்துதான் எண்ண வேண்டும் என்றார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. சரக்கு வந்து சேர்ந்த 15 நாளுக்குள் எழுத்து மூலமாக மறுப்பு எதுவும் வராவிட்டால், சரக்கு வந்த நாளே ஏற்றுக்கொண்ட நாளாகக் கருதப்படும். எனக்கு எந்த மறுப்புக் கடிதமும் வந்திருக்கவில்லை.

எங்கள் ஆடிட்டர் சொன்னபடி தாமதமாகும் பணம் பற்றிய புகார்களுக்கான சமாதான் இணையதளத்தில் விண்ணப்பம் பதிந்து, திருச்சியில் உள்ள குறு, சிறு நிறுவன வசதியாக்க மன்றத்துக்குப் போனேன். நம் மாநிலத்தில் சென்னை, கோவை, மதுரை ஆகிய இடங்களிலும் இம்மன்றம் இருக்கிறது. வாங்குபவர் இந்தியாவில் எங்கே இருந்தாலும், விற்பவர் இருக்கும் இடத்து மன்றத்திலேயே வழக்கை எடுத்துக்கொள்ளலாம் என்பது எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய ஆறுதல். இல்லாவிட்டால் ரயில் செலவிலேயே பாதி பில் கரைந்திருக்கும்.

வட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாக. அப்போது வங்கி வீதம் 6.75 விழுக்காடு, மூன்று மடங்கு 20.25. கெடு முடிந்து ஏழு மாதத்துக்கு நான் கேட்ட வட்டி ஏறத்தாழ ₹84,500. நான் வங்கியில் வாங்கியிருந்த நடைமுறை மூலதனக் கடனின் வட்டி இதில் பாதிக்குச் சற்று மேல். அதனால்தானோ என்னவோ, மன்றத்திலிருந்து அறிவிப்புப் போன மூன்றாவது வாரத்தில், வழக்கு சமரசப் பேச்சு நிலையைத் தாண்டும் முன்பே, அசல் முழுவதும் என் கணக்குக்கு வந்து சேர்ந்தது.

வட்டியை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். சமரச அமர்வில் ₹30,000 பெற்றுக்கொண்டு மீதியை விட்டுக்கொடுத்தேன். சட்டப்படி முழுத்தொகைக்கும் எனக்கு உரிமை இருந்தது, தீர்ப்பாகியிருந்தால் அதை எதிர்த்து நீதிமன்றம் போவதற்கே அவர்கள் 75 விழுக்காட்டை முன்கூட்டிக் கட்ட வேண்டியிருந்திருக்கும். இருந்தும் அடுத்த ஆர்டர் அதே வாசலில்தான் இருந்தது. விட்டுக்கொடுத்தது கோழைத்தனம் என்று என் மகன் இன்றும் சொல்கிறான், நான் மறுத்துப் பேசுவதில்லை.

இன்னொன்று. அதே நிறுவனத்திடம் ₹90,000-க்கு ஒரு பழைய பில்லும் நிலுவையில் இருந்தது. அந்த ஒப்பந்தமும் சப்ளையும் நான் சிறு நிறுவனமாகப் பதிவு செய்வதற்கு முந்தியவை. பின்னால் செய்த பதிவை வைத்து முந்தைய சப்ளைக்கு இந்தச் சட்டத்தின் பலனைக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் சொல்லிவிட்டதால், அதை மன்றத்தில் சேர்க்கவே ஆடிட்டர் விடவில்லை. அந்தப் பணத்துக்கு இன்னமும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மதுரை சிவில் எழுதியது:

சுருக்கமாகச் சொல்கிறேன். நான் கட்டட ஒப்பந்ததாரர், உத்யம் பதிவு வைத்திருக்கிறேன். காம்பவுண்டுச் சுவர் கட்டும் மத்தியத் துறை டெண்டர் ஒன்றில் முன்வைப்புத் தொகைக்குப் பதிலாகச் சான்றிதழை இணைத்தேன், உறையைத் திறந்த அன்றே தள்ளிவிட்டார்கள். பொருளுக்கும் சேவைக்கும் உரிய இந்தக் கொள்கை, கட்டுமானப் பணி ஒப்பந்தங்களுக்குப் பொருந்தாது என்றார்கள். என் தொழிலில் இருப்பவர்கள் சான்றிதழை நம்பாமல் வங்கி உத்தரவாதத்தோடு போங்கள்.

ஓசூர் பிரஸ் எழுதியது:

எங்கள் விற்றுமுதல் ₹62 கோடியை எட்டியதில் நடுத்தர நிறுவனமாகிவிட்டோம். கொள்கையின் பெயரிலேயே குறு, சிறு மட்டும்தான் இருக்கிறது, நடுத்தரத்துக்கு எதுவும் கிடையாது. வளர்ந்ததற்குத் தண்டனை என்று இரண்டு ஆண்டுகள் புலம்பிக்கொண்டிருந்தோம். 2025 ஏப்ரல் 1 முதல் சிறு நிறுவனத்துக்கான வரம்பை முதலீட்டில் ₹25 கோடியாகவும் விற்றுமுதலில் ₹100 கோடியாகவும் உயர்த்தியதில் மறுபடியும் சிறு நிறுவனமாகிவிட்டோம். ஒரு நட்டு போல்ட்டைக்கூட மாற்றாமல் இறங்கி வந்த ஒரே கம்பெனி நாங்களாகத்தான் இருக்கும் என்று எங்கள் மேலாளர் கேலி செய்கிறார்.

குறிச்சி லேத் எழுதியது:

துவாக்குடி ஐயாவின் சலான் கதையைப் படித்துவிட்டு என் கோப்பைப் புரட்டினேன். 1,000 உறைகளையும் நான்கு தவணைகளாக அனுப்பியதில் இரண்டு சலான்களில் முத்திரை இருக்கிறது, தேதி இல்லை. பணம் வந்துவிட்டதால் தப்பித்தேன். கரூர் அக்கா, உங்கள் திருத்திய சான்றிதழில் பழைய உத்யம் எண்ணே தொடர்கிறதா, புது எண் கொடுத்தார்களா? எங்கள் தெருவில் ஒருவருக்கு இதே சிக்கல், அவருக்கு வருகிற வெள்ளிக்கிழமை டெண்டர் முடிகிறது.

கரூர் தையல் எழுதியது:

அதே எண்தான் தம்பி. திருத்தம் மட்டும்தான், புதுப் பதிவு அல்ல. திருத்திய பிறகு புதிய தேதியோடு சான்றிதழைத் திரும்பவும் பதிவிறக்கம் செய்யச் சொல்லுங்கள், ஜெம் தளத்தில் அவருடைய விவரப் பக்கத்திலும் மாறியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எனக்கு அங்கே பழைய விவரமே நான்கு நாள் நின்றது. வெள்ளிக்கிழமை என்றால் இன்றே உட்காரட்டும்.