ஆஸ்பிரின் ரத்தத்தை விட்டுப் போன பிறகும் ஒரு வாரம் வேலை செய்வது எப்படி? பயோகெமிஸ்ட்ரி படிக்க வழி சொல்லுங்கள்

மீன்கொத்தி:

வணக்கம். பார்மசி முதலாண்டு படிக்கிறேன். கிளைக்காலிசிஸின் (செல் குளுக்கோஸை உடைத்து ஆற்றல் எடுக்கும் பாதை) பத்துப் படிகளையும் அதைத் தொடரும் சிட்ரிக் அமிலச் சுழற்சியின் எட்டுப் படிகளையும் இரண்டு வாரம் எழுதி எழுதிப் படித்தேன். எழுத்துத் தேர்வில் அப்படியே வந்துவிட்டது. வாய்மொழித் தேர்வில் கேட்ட ஒரே கேள்விக்குத்தான் பதில் வரவில்லை.

"ஆஸ்பிரினின் அரை ஆயுள் ரத்தத்தில் 20 நிமிடம்தான். அப்புறம் ஏன் சில அறுவை சிகிச்சைகளுக்கு ஒரு வாரம் முன்பே அதை நிறுத்தச் சொல்கிறார்கள்?"

மனதுக்குள் கணக்குப் போட்டேன். அரை ஆயுள் என்பது மருந்தின் அளவு பாதியாகும் நேரம். ஐந்து அரை ஆயுள் என்றால் 100 நிமிடம். அதற்குள் மருந்து ஏறக்குறைய முழுவதும் போயிருக்க வேண்டும். ஒரு வாரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. தேர்வாளர், "இது அரை ஆயுள் கேள்வி இல்லை, செல் உயிரியல் கேள்வி" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார்.

நான் படித்ததற்கும் மருந்துக்கும் நடுவில் என்ன விட்டுப் போயிருக்கிறது? இந்தப் பாடத்தை நீங்கள் எப்படிப் படித்தீர்கள்?

நான்காம் ஆண்டு:

பத்துப் படிகளுக்கும் ஒரே முக்கியத்துவம் கொடுக்காதீர்கள். கிளைக்காலிசிஸில் செல் திரும்பிப் போக முடியாத படிகள் மூன்றுதான். அவற்றை நடத்தும் என்சைம்கள் (நொதிகள்): ஹெக்சோகைனேஸ், பாஸ்போஃபிரக்டோகைனேஸ்-1, பைருவேட் கைனேஸ். கட்டுப்பாடு எல்லாம் அங்கேதான் இருக்கிறது. மற்ற ஏழும் இரண்டு பக்கமும் போய்வரும். மருந்துகளும் பல நேரம் இப்படிப்பட்ட கட்டுப்பாட்டுப் படியில்தான் கைவைக்கும். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்துகள் தடுக்கிற ஹெச்எம்ஜி-கோஏ ரிடக்டேஸ் என்சைம்தான் கொலஸ்ட்ரால் உற்பத்தியின் வேகத்தையே தீர்மானிக்கிறது. ஆஸ்பிரின் கேள்விக்குக் கல்வம் அக்கா பதில் சொன்னால் நன்றாக இருக்கும்.

கல்வம்:

தங்கச்சி, உங்கள் தேர்வாளர் கேட்டது நல்ல கேள்வி. மருத்துவமனை மருந்தாளுநராக 16 வருடம் வேலை பார்த்துவிட்டேன். இந்தப் பாடத்தை எனக்குத் திறந்துவிட்டதும் ஏறக்குறைய இதே கேள்விதான்.

நீங்கள் மருந்து எப்போது வெளியே போகிறது என்று கணக்குப் போட்டீர்கள். மருந்து போவதற்கு முன் எதை மாற்றிவிட்டுப் போனது என்று கேட்டிருக்க வேண்டும். ஆஸ்பிரின் சைக்ளோஆக்சிஜனேஸ்-1 என்சைமின் உள்ளே போய், அங்கே இருக்கும் செரின் என்ற அமினோ அமிலத்தின் மீது தன் அசிட்டைல் தொகுதியை ஒட்டிவிடுகிறது. அது கோவேலன்ட் பிணைப்பு (எலக்ட்ரான்களைப் பகிரும் உறுதியான பிணைப்பு), அதனால் கழன்று வராது. இனிமேல் அந்த என்சைமின் மூலப்பொருளான அராகிடோனிக் அமிலம் அந்த வழியாக நுழைய முடியாது. பிளேட்லெட்டுகளை (ரத்தம் உறைய உதவும் துணுக்குகள்) ஒன்றுசேரத் தூண்டும் திராம்பாக்சேன் உண்டாகாது. பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று சேர்வது குறைகிறது. அந்த ஒட்டும் வேலை, மருந்து ரத்தத்தில் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் முடிந்துவிடும்.

வேறு செல்லாக இருந்தால் கெட்டுப்போன என்சைமைத் தள்ளிவிட்டுப் புதிதாக ஒன்றைச் செய்துகொள்ளும். ரத்தக் குழாயின் உள்சுவரில் இருக்கும் எண்டோதீலியல் செல் அப்படித்தான் செய்கிறது. புதிய என்சைமைச் செய்வதற்கான குறிப்பு நியூக்ளியஸில் இருக்கிறது, பிளேட்லெட்டுக்கோ நியூக்ளியஸே கிடையாது. எலும்பு மஜ்ஜையில் மெகாகேரியோசைட் என்ற பெரிய செல்லிலிருந்து உடைந்து வந்த துண்டு அது. வரும்போது கொண்டுவந்த என்சைம்தான் சாகும் வரைக்கும். பிளேட்லெட்டின் ஆயுள் 7 முதல் 10 நாள். உடல் தினமும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைப் புதிதாக இறக்குகிறது. நீங்கள் தேடிய ஒரு வாரம் மருந்தின் ஆயுள் அல்ல, பிளேட்லெட்டின் ஆயுள். குறைந்த அளவு ஆஸ்பிரினை நாளுக்கு ஒருமுறை மட்டும் கொடுத்தால் போதும் என்பதற்கும் இதுதான் காரணம்.

(இதைப் படிக்கிற வேறு யாராவது இருந்தால் ஒரு வார்த்தை. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் இதைப் பார்த்துவிட்டுத் தாங்களாக ஆஸ்பிரினை நிறுத்தக் கூடாது. அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.)

சரி, படிக்கும் வழி. செல்லின் பாகங்களைப் படிக்கும்போது எல்லோரும் "இதில் என்ன இருக்கிறது" என்று படம் வரைகிறோம். நான் "இந்தச் செல்லில் என்ன இல்லை" என்று பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். மருந்துகள் அதற்கப்புறம்தான் எனக்குப் புரிந்தன. நம் செல்லுக்குச் சுவர் இல்லை, பாக்டீரியாவுக்கு இருக்கிறது, அதனால் பெனிசிலின் அதைத் தாக்கி நம்மை விட்டுவிடுகிறது. இது எளிய உதாரணம். என்னை உண்மையில் உலுக்கியது சிவப்பணுதான்.

பயிற்சியில் இருந்தபோது வார்டில் ஓர் இளைஞர். வைவாக்ஸ் வகை மலேரியா. கல்லீரலில் ஒளிந்திருக்கும் கிருமி மறுபடி எழும்பாமல் இருக்க 14 நாள் பிரிமாகுயின் மருந்து தொடங்கியிருந்தார்கள். மூன்றாம் நாள் காலையில் அவர் ஒரு கண்ணாடிக் குடுவையைத் தூக்கிக் காட்டினார். சிறுநீர் கறுப்புக்குப் பக்கத்தில் வரும் பழுப்பு. வெளிச்சத்தில் பிடித்தால் விளிம்பில் மட்டும் சிவப்பு தெரிந்தது. கண்ணின் வெள்ளை மஞ்சளாகியிருந்தது. மருந்தை உடனே நிறுத்தினார்கள்.

சிவப்பணுவுக்கு நியூக்ளியஸும் இல்லை, ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் இல்லை. ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறுக்குக் கிளைக்காலிசிஸை மட்டும் நம்பி வாழ்கிறது. நீங்கள் எழுதி எழுதிப் படித்த அந்தப் பத்துப் படிகள்தான் அதன் சோறு. அதோடு ஆக்சிஜனையே நாளெல்லாம் சுமப்பதால் ஆக்சிஜனேற்றத்திலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளவும் வேண்டும். அந்த வேலையைக் குளூட்டாதயோன் செய்கிறது. பயன்பட்ட குளூட்டாதயோனைப் பழையபடி ஆக்க என்ஏடிபிஎச் என்ற உதவி மூலக்கூறு வேண்டும். மற்ற செல்கள் அதை இரண்டு மூன்று வழிகளில் செய்துகொள்ளும். சிவப்பணுவுக்கு ஒரே வழி பென்டோஸ் பாஸ்பேட் பாதை, அதன் வாசலில் நிற்கும் என்சைம் ஜி6பிடி. அந்த என்சைம் பிறவியிலேயே குறைவாக இருப்பவருக்குப் பிரிமாகுயின் கொடுத்தால், மருந்து உண்டாக்கும் ஆக்சிஜனேற்றத்தைச் செல்லால் சமாளிக்க முடியாது. ஹீமோகுளோபின் திரிந்து செல்லுக்குள் கட்டிகட்டியாகப் படிகிறது, செல் உடைகிறது. குடுவையில் நான் பார்த்தது அதைத்தான்.

இனிமேல் வருவதுதான் முக்கியம். இரண்டு நாள் கழித்து ஜி6பிடி சோதனை செய்தார்கள். முடிவு இயல்பு என்று வந்தது. "காரணம் ஜி6பிடி அல்ல" என்று என் குறிப்பேட்டில் எழுதினேன். மூத்த மருந்தாளுநர் ஒருவர் அதைப் படித்துவிட்டு என் பேனாவையே வாங்கி அந்த வரியை அடித்துவிட்டார். "உடைந்தது எந்தச் செல்? மிஞ்சியது எந்தச் செல்?" என்று கேட்டார்.

யோசித்துப் பாருங்கள். சிவப்பணு 120 நாள் வாழ்கிறது. புதிய புரதம் செய்ய முடியாததால் வயதாக ஆக அதனிடம் இருக்கும் ஜி6பிடி தேய்ந்துகொண்டே போகும். என்சைம் குறைந்த கிழட்டுச் செல்கள் முதலில் உடைந்துவிட்டன. மிஞ்சியவை இளம் செல்களும், மஜ்ஜை அவசரமாக அனுப்பிய ரெட்டிகுலோசைட்டுகளும் (முழுதாக முதிராத சிவப்பணுக்கள்). அவற்றில் என்சைம் ஓரளவு இருக்கும். அவற்றை எடுத்துச் சோதித்தால் இயல்பு என்றுதான் காட்டும். மூன்று மாதம் கழித்துத் திரும்பச் செய்தபோது குறைபாடு தெரிந்தது. இப்போதும் ஹீமோலிசிஸ் (சிவப்பணு உடைதல்) முடிந்த உடனே எடுத்த ஜி6பிடி அறிக்கை கைக்கு வந்தால் தேதியைத்தான் முதலில் பார்ப்பேன்.

ஆகவே ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு சின்ன அட்டை போடுங்கள். எந்த மூலக்கூறைத் தொடுகிறது, எந்தச் செல்லில், பிணைப்பு கழலுமா கழலாதா, அந்தச் செல்லால் அதைப் புதிதாகச் செய்ய முடியுமா, அந்தச் செல்லில் என்ன இல்லை. ஐந்து வரி போதும். பாதைகளை விட்டுவிடச் சொல்லவில்லை, அட்டை எழுதும்போது அவை தாமாகத் தேவைப்படும்.

நுண்ணோக்கி:

செல் உயிரியல் நடத்துகிறேன். கல்வம் சொன்னதில் ஒரு சிறு திருத்தம். பிளேட்லெட்டால் புரதமே செய்ய முடியாது என்று எழுதிவிடாதீர்கள். மெகாகேரியோசைட்டிலிருந்து கொஞ்சம் எம்ஆர்என்ஏ (புரதம் செய்வதற்கான குறிப்பு) அதோடு வருகிறது, மைட்டோகாண்ட்ரியாவும் இருக்கிறது, மிகக் குறைந்த அளவில் புரதம் உண்டாவதைக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் தடுக்கப்பட்ட சைக்ளோஆக்சிஜனேஸை ஈடுகட்டுகிற அளவுக்கு அது போதாது. "ஈடுகட்டும் அளவுக்கு முடியாது" என்று எழுதினால் சரியாக இருக்கும்.

"என்ன இல்லை" என்ற கேள்வியோடு "எது எதைப் போல இருக்கிறது" என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மைட்டோகாண்ட்ரியாவின் ரைபோசோம் (புரதம் செய்யும் இடம்) பாக்டீரியாவின் ரைபோசோமைப் போன்றது. லினிசோலிட் என்ற ஆன்டிபயாட்டிக்கை வாரக்கணக்கில் கொடுத்தால் ரத்த அணுக்கள் குறைவதும், சிலருக்கு லாக்டிக் அமிலம் ஏறுவதும் அந்த ஒற்றுமையால்தான். கிருமியின் புரதத் தொழிற்சாலையைக் குறிவைத்த மருந்து நம் மைட்டோகாண்ட்ரியாவிலும் கொஞ்சம் படுகிறது.

மீன்கொத்தி:

அக்கா, சார், இருவருக்கும் மிக்க நன்றி. உட்கார்ந்து இரண்டு அட்டை போட்டேன். அதில் ஒரு சந்தேகம். வலி மருந்தான ஐபுபுரூஃபனும் அதே சைக்ளோஆக்சிஜனேஸைத்தான் தடுக்கிறது, அதே பிளேட்லெட்டில்தான். அது மட்டும் ஏன் ஒரு வாரம் நீடிப்பதில்லை? பிணைப்பு கழலும் என்பதாலா?

இரண்டாவது அட்டை, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல். எழுதியது இது: "தொடுவது புரோட்டான் பம்ப், வயிற்றில் அமிலம் சுரக்கும் பரைட்டல் செல்லில். அந்தப் பம்பின் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தோடு கழலாத பிணைப்பு. ரத்தத்தில் அரை ஆயுள் ஒரு மணி நேரம் போல, ஆனால் விளைவு ஒரு நாளுக்கு மேல். செல்லுக்கு நியூக்ளியஸ் இருப்பதால் புதிய பம்ப் வரும், அதனால் ஒரு வாரம் நீடிக்காது. அமிலத்தில்தான் மருந்து செயல்படும், அதனால் மாத்திரை வயிற்றில் கரைந்ததும் அங்கேயே வேலையைத் தொடங்குகிறது." சரியா?

கல்வம்:

நுண்ணோக்கி சார் சொன்ன திருத்தம் சரி. நான் அழுத்திச் சொல்லப் போய் முழுதாக இல்லை என்பது போல எழுதிவிட்டேன்.

ஐபுபுரூஃபன் பற்றி நீங்கள் நினைத்தது சரிதான். அது அந்த வழியில் உட்கார்ந்து எழுந்து போகும், எதையும் ஒட்டிவிட்டுப் போகாது. ஆனால் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் ஆஸ்பிரின் வந்தால் அந்தச் செரினை எட்ட முடியாது. ஆஸ்பிரினோ 20 நிமிட அரை ஆயுளில் கரைந்து போய்விடும். அதனால் இதயத்துக்காகச் சாதாரண ஆஸ்பிரின் எடுப்பவருக்கு ஐபுபுரூஃபனும் தேவைப்பட்டால், ஆஸ்பிரின் எடுத்துக் குறைந்தது 30 நிமிடம் கழித்து அதை எடுக்கச் சொல்கிறோம். முன்பே எடுப்பதானால் 8 மணி நேரத்துக்கு மேல் இடைவெளி வேண்டும். மேலே பூச்சுப் போட்ட ஆஸ்பிரினுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அது கரைவதே தாமதமாகத்தான்.

ஒமெப்ரசோல் அட்டையில் கடைசி வரியைத் தவிர எல்லாம் சரி. நியூக்ளியஸ் இருப்பதால் என்ன நடக்கும் என்று நீங்களாகவே ஒப்பிட்டு எழுதியிருப்பதைப் பார்த்து மிகவும் சந்தோஷப்பட்டேன்.

அந்தக் கடைசி வரியில் இடம் மாறிவிட்டது. அமிலத்தில்தான் செயல் வடிவம் பெறும் என்பது உண்மை. ஆனால் வயிற்றுக்குள் கரைந்தால் அங்கே இருக்கும் அமிலமே அதைச் சிதைத்துவிடும், பம்பை எட்டும் முன்பே வீணாகும். அதனால்தான் உள்ளே இருக்கும் குருணைகளுக்கு அமிலத்தில் கரையாத பூச்சு போடுகிறார்கள். அவை வயிற்றைத் தாண்டிச் சிறுகுடலில் கரைகின்றன. மருந்து ரத்தத்தில் ஏறிச் சுற்றிவந்து, பரைட்டல் செல்லுக்குள் பின்பக்கமாக நுழைகிறது. அந்தச் செல் அமிலத்தைக் கொட்டுகிற நுண்கால்வாயில் போய்ச் சேரும்போது புரோட்டானைப் பிடித்துக்கொண்டு மின்சுமை பெறுகிறது. மின்சுமை வந்த பிறகு சவ்வைத் தாண்டித் திரும்ப முடியாமல் அங்கேயே மாட்டிக்கொள்கிறது. அங்கேதான் உருமாறிப் பம்பின் சிஸ்டீனைப் பிடிக்கிறது. பம்புகள் உணவு தூண்டும்போதுதான் அதிகமாக அந்தக் கால்வாய்க்கு வரும். ஆகவே சாப்பாட்டுக்கு அரை மணி நேரத்துக்கு முன் கொடுக்கிறோம்.

வரியை இப்படி மாற்றிக்கொள்ளுங்கள்: "செயல்படும் இடம் வயிற்றுக் குழி அல்ல, பரைட்டல் செல்லின் நுண்கால்வாய்." அதற்குக் கீழே "குருணையை நசுக்கக் கூடாது" என்று எழுதிவையுங்கள். விழுங்க முடியாத நோயாளிக்கு கேப்சூலைப் பொடித்துக் கொடுக்கலாமா என்று வார்டிலிருந்து கட்டாயம் யாராவது கேட்பார்கள்.