சாண்ட்லர், அரிசோனா: 23 வருட ஓட்டுக் கூரை ஒழுகுகிறது. மூன்று கொட்டேஷன், மூன்று விலை. எது நியாயம்?

கூரைக்குக்கீழ்:
வணக்கம் நண்பர்களே. பீனிக்ஸ் பக்கம் சாண்ட்லரில் இருக்கிறோம். 2001இல் கட்டிய வீடு, நாங்கள் வாங்கி ஆறு வருடம் ஆகிறது. மாடி கிடையாது. 2,400 சதுர அடி, கான்கிரீட் ஓடு. போன வாரம் காற்றோடு அடித்த மழையில் படுக்கையறை சீலிங்கில் தோசைக்கல் அளவுக்குப் பழுப்புக் கறை வந்துவிட்டது. வெளியே நின்று பார்த்தால் ஓடு ஒன்றுகூட உடையவில்லை, நகரவும் இல்லை.

மூன்று பேரை வரவழைத்தேன். மூவரும் ஒரே பல்லவிதான்: ஓடு நன்றாக இருக்கிறது, அதற்கு அடியில் இருக்கும் அண்டர்லேமெண்ட், அதாவது தார்த்தாள், போய்விட்டது, எல்லா ஓட்டையும் பிரித்து மறுபடி அடுக்க வேண்டும். விலையில்தான் ஒற்றுமை இல்லை. 14,400 டாலர், 19,080 டாலர், 25,200 டாலர். பழைய ஓட்டையே திரும்ப வைக்க இவ்வளவா? இன்ஷூரன்ஸ் கொடுக்குமா? ஒழுகும் இடத்தை மட்டும் சரிசெய்தால் போதாதா?

ஓட்டுவீடு:
பணத்தைப் பற்றிப் பேசும் முன் ஒரு கேள்வி. உங்கள் ஏசி யூனிட் ஆட்டிக்கில், அதாவது சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவில், இருக்கிறதா? மழை இல்லாத நாளில் கறை ஈரமாக இருந்ததா? எங்கள் வீட்டில் இதே மாதிரி கறையைப் பார்த்துக் கூரைக்காரரைக் கூப்பிட்டு, கடைசியில் அது ஏசியின் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்து, கீழே இருந்த தட்டு நிரம்பி வழிந்தது. செலவு 180 டாலர்தான். விடியற்காலையில் ஆட்டிக்கில் ஏறி டார்ச் அடித்துப் பாருங்கள். பத்து மணிக்கு மேல் ஏறாதீர்கள், உள்ளே அடுப்பாக இருக்கும்.

கூரைக்குக்கீழ்:
இன்று காலை ஐந்தரைக்கு ஏறினேன். ஏசி தட்டு காய்ந்துதான் கிடக்கிறது. கறைக்கு நேர் மேலே பலகையில் கருப்பாக ஒரு கோடு, இரண்டு கூரைச் சரிவும் வந்து சேரும் கூடுவாயிலிருந்து இறங்கியிருக்கிறது. அந்த இடத்தில் விரலால் அழுத்தினால் பலகை கொஞ்சம் உள்வாங்குகிறது.

கில்பர்ட்காரர்:
அப்படியானால் கூரைதான். மூன்று பேரும் உங்களை ஏமாற்றவில்லை, ஆனால் மூன்று பேரும் ஒரே வேலைக்கு விலை சொல்லவில்லை. அதுதான் விஷயம்.

ஊரில் ஓட்டு வீடு என்றால் ரீப்பர் மேல் ஓடு, அவ்வளவுதான். தண்ணீரைத் தள்ளுவது ஓடே. இங்கே அப்படி இல்லை. ஓடு வெயிலுக்குப் பிடித்த குடை மாதிரி. காற்றடித்து ஓட்டின் அடியில் புகும் தண்ணீரைத் தடுப்பது பலகைமேல் ஒட்டிய தார்த்தாள்தான். உங்கள் வீடு கட்டிய காலத்தில் பெரும்பாலும் 30 பவுண்டு ஃபெல்ட் என்ற தாளைப் போட்டிருப்பார்கள். கான்கிரீட் ஓடு ஐம்பது வருடம் தாங்கும். அந்தத் தாள் இந்த வெயிலில் 20, 25 வருடம் தாண்டினால் அதிசயம். 2023இல் பீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது, தாண்டியது ஞாபகம் இருக்கும். அது நிழலில் அளந்த சூடு. ஓட்டின் மேல் 150 டிகிரியைத் தாண்டும். பகலில் விரிந்து இரவில் சுருங்கி, தாரில் இருக்கும் எண்ணெய்ப் பசை எல்லாம் காய்ந்துவிடும். எங்கள் வீட்டில் நாலு ஓட்டைத் தூக்கிக் காட்டினார்கள். தாளை எடுத்தபோது அப்பளம் போல நொறுங்கிக் கையோடு வந்தது.

இது ஊரில் ஓட்டைப் பிரித்து மேய்வது போன்ற வேலை. ஒவ்வொரு ஓட்டையும் கையால் எடுத்து, அடுக்கி, பழைய தாளையும் ஆணியையும் அகற்றி, புதுத்தாள் போட்டு, ரீப்பர் அடித்து, மறுபடி வைக்க வேண்டும். பாதிக்குமேல் கூலிதான்.

அப்புறம் கணக்கு. ஊரில் கொத்தனார் ‘பத்து சதுரம் வீடு’ என்பாரே, அதே சதுரம்தான் இங்கே ‘ஸ்கொயர்’, அதாவது 100 சதுர அடி. உங்கள் கொட்டேஷனில் எத்தனை ஸ்கொயர் என்று எழுதியிருக்கிறது? 2,400ஐ நூறால் வகுத்து 24 என்று நினைக்காதீர்கள். கராஜ், பின்பக்கத் திண்ணை, வெளியே நீட்டிய ஓரம், சரிவு எல்லாம் சேரும்.

கூரைக்குக்கீழ்:
மூவரும் 36 ஸ்கொயர் என்றே எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் ஒரு ஸ்கொயருக்கு 400, 530, 700. முதலாமவர் ‘30 பவுண்டு ஃபெல்ட், ஒரு அடுக்கு’ என்கிறார். இரண்டாமவர் ‘இரண்டு அடுக்கு, கூடுவாய்த் தகடு புதிது’. மூன்றாமவர் அதிகச் சூடு தாங்கும், தானே ஒட்டிக்கொள்ளும் ஷீட் என்கிறார்.

கில்பர்ட்காரர்:
பார்த்தீர்களா, மூன்று வேறு சரக்கு. ஒரு அடுக்கு ஃபெல்ட் என்றால் 2001இல் போட்டதையே மறுபடி வாங்குகிறீர்கள். கூலி மூன்றுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆகவே தாளில் மிச்சம் பிடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வீட்டை இன்னும் மூன்று வருடத்தில் விற்பதாக இருந்தால் பேச்சு வேறு.

கையெழுத்துப் போடும் முன் எழுதி வாங்க வேண்டியது: உளுத்த பலகை ஒன்றை மாற்ற என்ன விலை, எடுக்கும்போது உடையும் ஓட்டுக்கு யார் பொறுப்பு, குழாய் வெளியே வரும் இடங்களின் தகடு புதிதா பழையதா, வேலைக்கு எத்தனை வருட உத்தரவாதம். தாள் கம்பெனி கொடுக்கும் 30 வருட வாரண்டியை நம்பிச் சந்தோஷப்படாதீர்கள். ஒழுகினால் வந்து பார்க்க வேண்டியது வேலை செய்தவர்தான். ‘பலகை எக்ஸ்ட்ரா’ என்று மட்டும் எழுதி விலை போடாத ஆள், கூரையைப் பிரித்துப் போட்ட பிறகு சொல்வதுதான் விலை.

டூசான்வாசி:
நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். அந்தக் கூடுவாயை மட்டும் பிரித்துச் சரிசெய்ய 1,500, 2,000 ஆகும். பெரிய வேலையைக் குளிர்காலத்துக்குத் தள்ளலாம். ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை இங்கே மழைக்காலம். ஊரே கூரைக்காரரைத் தேடும்போது பேரம் படியாது.

(எங்கள் வீடு தட்டைக் கூரை, ஃபோம். ஓட்டுக்காரர்கள் கவலை எங்களுக்கு இல்லை, ஆனால் சில வருடத்துக்கு ஒருமுறை வெள்ளைப் பூச்சு அடித்தே ஆக வேண்டும். விட்டால் வெயில் ஃபோமைத் தின்றுவிடும். உங்கள் திண்ணைமேல் தட்டையாக இருந்தால் அதற்குத் தனி விலை கேளுங்கள்.)

கில்பர்ட்காரர்:
தற்காலிகமாக என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த 2,000ஐத் திரும்ப வராத பணம் என்று எண்ணிக்கொண்டு செய்யுங்கள். ஒரு கூடுவாயில் தாள் போயிருந்தால் மற்ற இடத்தில் நன்றாக இருக்க வாய்ப்பு குறைவு.

மூலைவீடு:
இன்ஷூரன்ஸ் பற்றி யாரும் சொல்லவில்லை. காற்று பெயர்த்த ஓடு, ஆலங்கட்டி உடைத்த ஓடு என்றால் கொடுப்பார்கள். 2010 அக்டோபர் 5 ஆலங்கட்டி மழைக்குப் பிறகு பீனிக்ஸில் எத்தனையோ வீட்டுக்குக் கூரை மாற்றினார்கள். வயதாகிப் போன தாளுக்குக் கிடைக்காது. கதவைத் தட்டி ‘இன்ஷூரன்ஸில் இலவசக் கூரை, டிடக்டபிளும் (உங்கள் கையிலிருந்து போட வேண்டிய பங்கு) நாங்களே பார்த்துக்கொள்கிறோம்’ என்று சிரிப்பவரைத் திண்ணையோடு அனுப்பிவிடுங்கள். எங்கள் தெருவில் ஒருவர் அப்படிக் கையெழுத்துப் போட்டு, கிளெயிம் நிராகரிக்கப்பட்டு, அந்தக் கம்பெனியிடமிருந்து கழல ஆறு மாதம் அலைந்தார்.

லைசென்ஸையும் பாருங்கள். அரிசோனாவின் காண்ட்ராக்டர் பதிவாளர் அலுவலகம், எல்லோரும் ஆர்ஓசி என்பார்களே, அதன் தளத்தில் எண்ணைப் போட்டால் புகார்கள்வரை தெரியும். வீட்டுக் கூரைக்கு ஆர்-42 அல்லது சிஆர்-42 இருக்க வேண்டும். லைசென்ஸ் உள்ளவர் வேலையைக் கெடுத்தால் இரண்டு வருடத்துக்குள் புகார் செய்யலாம். குடியிருக்கும் சொந்தக்காரருக்கு அவர்களின் நிதியிலிருந்து 30,000 டாலர்வரை கிடைக்க வழி உண்டு. லைசென்ஸ் இல்லாதவரிடம் போனால் அந்தக் கதவு மூடிவிடும்.

ஓட்டுவீடு:
சோலார் இருக்கிறதா? நான் மறந்து மாட்டிக்கொண்டேன். பேனலைக் கழற்றி மாட்ட ஒன்றுக்கு 250 கேட்டார்கள், 22 பேனலுக்கு 5,500. லீஸ் என்றால் அந்தக் கம்பெனியிடம் முன்கூட்டியே பேச வேண்டும். பேனலுக்கு அடியில் புறாக் கூடு வேறு, அதை அள்ளவே ஒரு நாள்.

கூரைக்குக்கீழ்:
நல்லவேளை, சோலார் இல்லை. எல்லோருக்கும் நன்றி. வேலை முடிந்ததும் எழுதுகிறேன்.

கூரைக்குக்கீழ் (டிசம்பர்):
சொன்னபடி எழுதுகிறேன். ஆகஸ்டில் கூடுவாயை மட்டும் 1,650க்கு அடைத்து, நவம்பரில் முழு வேலை செய்தோம். இரண்டாவது ஆளிடமே கொடுத்தேன். பலகை ஒன்றுக்கு 95 என்று முன்பே எழுதி வாங்கியதால் சண்டை வரவில்லை. மூன்று பலகை மாற்றினார்கள், மொத்தம் 19,365. ஐந்து நாள் ஆனது.

கூடுவாயைப் பிரித்தபோது கூப்பிட்டுக் காட்டினார்கள். தகட்டின் மேல் புழுதிப் புயல் கொண்டுவந்த மண் இரண்டு விரல் கனத்துக்கு இறுகிக் கிடந்தது. தண்ணீர் போக வழி இல்லாமல் பக்கவாட்டில் ஏறித் தாளுக்குள் இறங்கியிருக்கிறது. அதில் ஒரு செடி வேறு முளைத்துக் காய்ந்து நின்றது.

உடைந்த ஓட்டுக்குப் பதிலாக அதே அச்சு ஓட்டை எங்கோ பழைய சரக்கில் தேடிக் கொண்டுவந்தார்கள். நிறம் கொஞ்சம் வெளுப்பு, அவற்றைப் பின்பக்கச் சரிவில் வைக்கச் சொன்னேன். மிச்சம் 14 ஓடு பக்கச் சுவர் ஓரம் அடுக்கியிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் ஏற்கெனவே கண் வைத்துவிட்டார், அவர் வீடும் 2001தான்.

மூலைவீடு:
ஓட்டைக் கொடுக்காதீர்கள். அவருக்கு இந்த இழையைக் கொடுங்கள்.